வளிப் பருமன் விதியும் அதன் பெயர் வரலாறும்

அழுத்தம் மாறாதிருக்க, வெப்பநிலை உயருந்தோறும் வளியின் பருமன் ஒரே வீதத்திற் பெருகும் என்னும் விதி, பாடநூல்களுட் பலவற்றில் 'சார்லஸ் விதி' என வழங்குகின்றது. ஆயின், ஜாக் சார்லஸ் இவ்விதி பற்றி யாதொரு கட்டுரையும் வெளியிட்டிலர். எழுதி வெளியிடாதார் பெயரை விதி பெற்றது எங்ஙனம் என்பதே ஈண்டு ஆராயப்படுகின்றது.

சார்லஸ் பிரெஞ்சு அறிஞர். 1783 டிசம்பர் முதல் நாளன்று ஹைட்ரஜன் நிரப்பிய பலூனில் பாரிஸ் நகரிலிருந்து வானில் எழுந்தவர். அவர்தம் வளிச் சோதனைகளை நாம் அறிவது கே-லூசக் 1802இல் வெளியிட்ட கட்டுரையினாலேயாம். ஆக்ஸிஜன், நைட்ரஜன், ஹைட்ரஜன், கரியமில வாயு, காற்று ஆகியன சம அளவில் விரிதலைப் பதினைந்து ஆண்டுகட்கு முன்னரே சார்லஸ் கண்டனர் என்றும், அதனைத் தாம் தற்செயலாகவே அறிந்ததாகவும் அவர் கூறுகின்றார். இதனால் அச்சோதனைகளின் காலம் ஏறத்தாழ 1787 என்பது பெறப்படும்.

இச்சான்று வெறும் புகழுரை அன்று. நீரிற் கரையும் வளிகள் வெவ்வேறு அளவில் விரியும் எனச் சார்லஸ் கொண்டதை எடுத்துக்காட்டி, கே-லூசக் அதனை மறுக்கின்றார். உடன்பாட்டையும் மாறுபாட்டையும் ஒருங்கே உரைக்கும் சான்று நம்பத்தக்கது என்க. மறைந்த நூலை உரையாசிரியர் மேற்கோளால் அறிவார்க்கு இம்முறை புதிதன்று.

இனி, விதியை நிறுவியவர் யாவர்? 1702இல் அமொந்தோன் வெப்பத்தாற் காற்றின் அழுத்தம் மிகுதலை ஆராய்ந்தார். அது பருமனை நேரே அளந்ததன்று. டால்டன் 1801 அக்டோபரில் மான்செஸ்டரிற் படித்த கட்டுரையில், வளிகளெல்லாம் வெப்பத்தால் ஒத்து விரியும் என்றார். கே-லூசக்கோ, கலத்திற் படிந்த ஈரம் ஆவியாகிப் பருமனை மிகுத்துக் காட்டுதலே முன்னோர் அளவுகள் முரணியதற்குக் காரணம் எனக் கண்டு, உலர்ந்த வளிகளைக் கையாண்டார். பூச்சியம் பாகை சென்டிகிரேடில் 100 பங்காயிருந்த வளி, 100 பாகையில் 137.5 பங்காகும் என்பது அவர் முடிபு. அஃதாவது, பாகை ஒன்றுக்கு ஏறத்தாழ 267இல் ஒரு பங்கு. பின்னர் ருட்பெர்க், ரெனோ முதலியோர் இவ்வளவு சற்று மிகை எனக் காட்டினர். திருந்திய அளவாகிய 273இல் ஒரு பங்கே, 1848இல் வில்லியம் தாம்சன் முன்மொழிந்த தனி வெப்பநிலை அளவைக்குத் துணையாயிற்று.

ஆகவே, முதற்கண் கண்டவர் சார்லஸ். அளந்து நிறுவி வெளியிட்டவர் கே-லூசக். பிரெஞ்சு நூல்கள் இப்பருமன் விதியைக் கே-லூசக் பெயராலேயே வழங்குதல் பொருந்துவதே. ஆயினும், பிற நாட்டார் வழக்கிற் சார்லஸ் பெயர் நிலைத்தமைக்குக் காரணம், பின் வந்தவர் முன்னவர்க்குரியதை மறையாது உரைத்த நேர்மையே என்பது தெளிவு.