யாழ்ப்பாணக் கிராமங்களின் வெள்ளவாய்க்கால்களும் குடியிருப்புத் திட்டங்களும்: ஒரு வரலாற்று நோக்கு

ஈழத்து நீரியல் வரலாறு பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் பெருங்குளங்களையும் அவற்றைக் கட்டிய மன்னர்களையும் மையமாகக் கொண்டவை. நீரைத் தேக்கிய வரலாற்றுக்குக் கிடைத்த கவனத்தில் ஒரு சிறு பங்குதானும் நீரை வழிந்தோடச் செய்த வரலாற்றுக்குக் கிடைக்கவில்லை. மன்னர் பெயர் எதுவும் பொறிக்கப்படாத வெள்ளவாய்க்கால்களும், மதகுகளும், ஊர்க்குளங்களும் உழைக்கும் மக்களின் ஆக்கங்கள் என்பதே இதற்கு ஒரு காரணம் எனலாம். ஆனால், ஒரு கிராமத்தின் தாழ்ந்த நிலத்திலே ஐம்பது வீடுகளைக் கட்டுவதற்கு முன்மொழியப்படும்போது, வரலாற்றில் இடம்பெறாத இந்த வாய்க்கால்களே முதலில் நினைவுக்கு வரவேண்டியவை. யாழ்ப்பாணக் குடாநாட்டை எடுத்துக்காட்டாகக் கொண்டு, மழைநீர் வடிகாலுக்கும் குடியிருப்புக்கும் இடையிலான தொடர்பு எவ்வாறு அமைந்தது, எவ்வாறு குலைந்தது, அதன் சுமையை யார் சுமக்கின்றனர் என்பவற்றை இக்கட்டுரையில் நோக்குவோம்.

1. நிலமும் மழையும்

ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீற்றர் பரப்புடைய குடாநாட்டின் மிகப் பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து 10 மீற்றருக்கும் குறைந்த உயரத்திலேயே உள்ளது. அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். ஆண்டு மழையின் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையிலான வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்திலேயே கிடைக்கின்றது. வற்றாத ஆறு ஒன்றேனும் இங்கில்லை. தொண்டைமானாறு, உப்பாறு எனப்படுவன பெயரால் ஆறுகளாயினும் உண்மையிற் கடனீரேரிகளே. தெல்லிப்பழை, அளவெட்டிப் பகுதிகளின் மழைநீரைத் திரட்டித் தென்மேற்காக ஓடி அராலியை அண்டிக் கடனீரேரியிற் கலக்கும் வழுக்கையாறுதானும் மாரியில் மட்டுமே ஆறாகும். கோடையில் அது வயலும் புல்வெளியுமாகக் கிடக்கும்.

இத்தகைய தட்டையான நிலத்தில் ஓரிரு அடி உயரமே மேட்டையும் பள்ளத்தையும் வேறுபடுத்துகின்றது. மலைநாட்டில் கண்ணுக்குத் தெரியும் சரிவு இங்கே வெள்ளம் நிற்கும்போதுதான் தெரியவரும். இக்காரணத்தினாற் கோடையில் ஒரு காணியைப் பார்த்து அதன் தகுதியைத் தீர்மானிப்பவர் பெரும்பாலும் தவறான முடிவுக்கே வருவர்.

2. பழைய ஒழுங்கமைப்பு

நம் முன்னோர் இந்த நுண்ணிய உயர வேறுபாட்டை நன்கு அறிந்திருந்தனர். அவ்வறிவு ஏட்டில் அன்றி இடப்பெயர்களிலே பதிவாகியுள்ளது. பிட்டி, திடல், மேடு என முடியும் பெயர்கள் உயர்ந்த நிலத்தையும், தாழ்வு, பள்ளம், வெளி, தரவை, வயல் என முடிபவை நீர் நிற்கும் நிலத்தையும் குறிப்பன. 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் ஆனைக்கோட்டையில் அகழ்ந்த பெருங்கற்பண்பாட்டு ஈமத்தலம் கரையாம்பிட்டி என்னும் பெயருடையதாயிருத்தல் இவ்விடத்திற் குறிப்பிடத்தக்கது. வழுக்கையாற்றுப் படுகையை அண்டிய கந்தரோடையும் மிகப் பழைய குடியிருப்பே. வாழும் இடம் மேட்டில், குளமும் வயலும் பள்ளத்தில் என்ற ஒழுங்கு இப்பகுதியின் கிராம அமைப்பில் நெடுங்காலமாகத் தொடர்ந்து வந்துள்ளது.

குடாநாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு குளங்கள் உள்ளன. இவற்றை வன்னியின் பாசனக் குளங்களோடு ஒப்பிட்டு மதிப்பிடுதல் பொருந்தாது. இங்குப் பயிருக்கு நீர் தந்தவை பெரும்பாலும் கிணறுகளே. குளம் மழைநீரைத் தாங்கி மெல்ல மெல்ல நிலத்துள் இறக்கியது. கிணறு அந்நீரைத் திருப்பித் தந்தது. சுண்ணாம்புக்கல்லினுள் உவர்நீரின்மேல் மிதக்கும் நன்னீர் வில்லைக்கு ஆண்டுதோறும் ஊட்டமளிப்பது இம்மழைநீரே. ஒரு குளம் நிரம்பியதும் மேலதிக நீர் வெள்ளவாய்க்கால் வழியாக அடுத்த குளத்துக்கும், அங்கிருந்து வயலுக்கும் தரவைக்கும், இறுதியாகக் கடனீரேரிக்கும் சென்றது. கோடையிலே குளத்தின் வண்டலை வெட்டித் தோட்டங்களுக்கு உரமாக இட்டமையால், தூர்வாருதல் தனியொரு செலவாகவன்றி வேளாண்மையின் ஒரு கூறாகவே நடைபெற்றது.

ஒழுங்கைகளும் இவ்வமைப்பின் உறுப்புகளே. மாரியில் பல ஒழுங்கைகள் வாய்க்கால்களாயின. வளவுகளைச் சூழ்ந்திருந்த கிடுகு வேலியும், பனையோலை வேலியும், கிளுவை வேலியும் மனிதரின் பார்வையைத் தடுத்தனவேயன்றி நீரைத் தடுக்கவில்லை. வெள்ளம் ஒரு வளவிலிருந்து மறு வளவுக்கு வேலியின் அடியால் பரவிச் சென்றது. இவ்வேலிகளின் இடத்தைச் சீமெந்து மதில்கள் பிடித்துக்கொண்டமை குடாநாட்டு வடிகால் வரலாற்றில் ஒரு முக்கியமான திருப்பமாகும். மதில் எழுப்பியவர் எவரும் வெள்ளத்தை உண்டாக்க எண்ணியிரார். ஆயினும் நூறு மதில்கள் சேர்ந்து ஓர் அணையாகிவிடுகின்றன.

3. உடைமையும் தாழ்நிலமும்

ஒல்லாந்தர் ஆட்சிக்காலத்துத் தோம்புகளும், அவற்றின் வழிவந்த உறுதிகளும் காணிகளைப் பெயராலும் எல்லையாலும் வரையறுத்தன. யாழ்ப்பாணத்து உறுதிகளிற் காணப்படும் 'வழி வாய்க்கால்' என்னும் தொடர், பாதையும் நீர்வழியும் தனியுடைமைக்குள்ளும் பொது உரிமையாக நிலவியமைக்குச் சான்றாகும். 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமைக்குத் துணையாக நின்ற உரோமன் ஒல்லாந்தச் சட்டமும், மேட்டு நிலத்திலிருந்து இயல்பாக வரும் மழைநீரைத் தாழ்ந்த நிலத்தவர் ஏற்கவேண்டும் என்றும், மேட்டு நிலத்தவர் அந்நீரோட்டத்தைச் செயற்கையாக மிகைப்படுத்தி அயலவருக்குக் கேடு செய்யலாகாது என்றும் கொண்டது. எனவே, நீர் வடிதல் அயலவருக்கிடையிலான கடப்பாடு என்ற கருத்து நமக்குப் புதியதன்று.

எனினும், இக்கடப்பாடு சமனானவர்களுக்கு இடையே நிலவியது எனக் கொள்ளுதல் தவறாகும். மேட்டு நிலமும் செம்மண் தோட்டமும் நல்ல கிணறும் ஆதிக்க சாதி நிலவுடைமையாளர் கையில் இருந்தன. ஒடுக்கப்பட்ட சாதியினரிற் பெரும்பாலோர் பிறர் காணியிற் குடியிருந்தனர். அல்லது ஊரின் ஓரத்தில், குளக்கரையில், தரவையில், கடற்கரையை அண்டிய உவர்நிலத்தில் ஒதுங்கினர். வெள்ளம் சாதி பார்ப்பதில்லை என்பர். அது வடிந்து சென்று நிற்கும் இடத்தில் யாரைக் குடியிருத்த வேண்டும் என்பதைச் சமுதாயம் சாதி பார்த்தே தீர்மானித்தது.

1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் நெற்காணிக்கு 25 ஏக்கரும் ஏனையவற்றுக்கு 50 ஏக்கரும் உச்சவரம்பாக விதித்தது. துண்டு துண்டாகப் பிரிந்து கிடந்த குடாநாட்டுக் காணியமைப்பில் இச்சட்டம் குறிப்பிடத்தக்க மாற்றம் எதனையும் ஏற்படுத்தவில்லை. ஆகவே, காணியற்றோருக்குக் காணி வழங்க முற்பட்ட எந்த அரசும், மேட்டு நிலத்தைத் தொடாது, எஞ்சியதையே தேடியது. எஞ்சியது பெரும்பாலும் பள்ளம்.

4. அரச வீடமைப்பும் போரும்

1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் நடைபெற்ற கிராம விஸ்தரிப்பு, 1978இல் தொடங்கிய ஒரு லட்சம் வீட்டுத் திட்டம், 1984இல் தொடங்கிய பத்து லட்சம் வீட்டுத் திட்டம் என்பன இலங்கைக் கிராமங்களின் தோற்றத்தை மாற்றியவை. கூரையற்றோருக்குக் கூரை தந்த வகையில் இவற்றின் முற்போக்கான பங்கு மறுக்கற்பாலதன்று. ஆயினும் இத்திட்டங்களின் வெற்றி கட்டிமுடிக்கப்பட்ட வீடுகளின் தொகையால் அளக்கப்பட்டதேயன்றி, அவை நின்ற நிலத்தின் நீரோட்டத்தால் அளக்கப்படவில்லை.

போர் இச்சிக்கலை மேலும் ஆழப்படுத்தியது. 1990 தொடக்கம் வலிகாமம் வடக்கின் பெரும்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. வழுக்கையாற்றின் மேற்படுகைக் கிராமங்களிற் சிலவும் இவ்வாறு மக்களை இழந்தன. 1995இன் பெரும் இடப்பெயர்வு வலிகாமத்தையே வெறுமையாக்கியது. குளத்தைத் தூர்வாரவும் வாய்க்காலைத் துப்புரவாக்கவும் ஆளில்லை. மண் அரண்கள் நீர்வழிகளைக் குறுக்கறுத்தன. வாய்க்கால் எங்கே ஓடியது என்பதை அறிந்திருந்த ஒரு தலைமுறை முகாம்களிலும் புலம்பெயர் நாடுகளிலும் முதுமையெய்தியது. 2009இன் பின் மீண்டு வந்தோர் எல்லைக்கல்லைத் தேடினர். வாய்க்காலைத் தேடியோர் சிலரே.

2010இல் 1,000 வீடுகளை முன்னோடியாகக் கொண்டு தொடங்கிய இந்திய வீடமைப்புத் திட்டமும், அதனையொத்த பிறவும் சொந்தக் காணியுடையோருக்கே முதலிற் பயன்பட்டன. காணியற்றோர், முகாம்களிற் பிறந்து வளர்ந்தோர், 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு மீண்டு வந்த முஸ்லிம் மக்கள் ஆகியோருக்கு மலிவான நிலம் தாழ்ந்த நிலமாகவே இருந்தது. யாழ் நகரின் மேற்கேயுள்ள பொம்மைவெளி தன் பெயரிலேயே தன் இயல்பைக் கொண்டுள்ளது.

5. நீரின் கணக்கு

ஒரு திட்டத்தை எண்ணிப் பார்ப்போம். ஒரு குடும்பத்துக்கு 2 பரப்பு வீதம் 50 குடும்பங்களுக்கு 100 பரப்பு, அதாவது ஆறேகால் ஏக்கர் நெல்வயல் தெரிவுசெய்யப்படுகின்றது எனக் கொள்வோம். ஒரு நாளில் 100 மில்லிமீற்றர் மழை பெய்யுமாயின், அந்நிலத்தின்மீது மட்டும் விழும் நீர் ஏறத்தாழ 2,500 கனமீற்றர். குடாநாட்டு மாரியில் இது அரிய நிகழ்ச்சியன்று. அரை அடி உயர வரம்புடைய வயல் காய்ந்திருந்தால் இம்மழை முழுவதையும் தன்னுள்ளேயே தாங்கும். மாரியின் நடுவில் அது நிறைந்திருப்பினும் மேலதிக நீரைத் தாமதித்தே விடும். வயல் என்பது இவ்வகையில் விளைநிலம் மட்டுமன்று. அது கணக்கில் வராத ஒரு நீர்த்தேக்கமாகும்.

அவ்வயலை இரண்டு அடிக்கு மண்ணிட்டு நிரப்பிக் கூரையும் முற்றமும் கொன்கிறீற்று வீதியும் அமைத்தால் மூன்று மாற்றங்கள் நிகழ்கின்றன. முதலாவதாக, வயல் தாங்கிய நீர் விரைந்து வெளியேறுகின்றது. இரண்டாவதாக, மேற்புறக் காணிகளிலிருந்து அவ்வயலுக்கு வந்த நீர் வழியின்றித் தேங்குகின்றது. மூன்றாவதாக, நிலத்துள் இறங்கிக் கிணற்றுக்கு ஊட்டமளித்த நீர் கடலுக்குச் செல்கின்றது. மண்ணிடாது கட்டினாலோ வெள்ளம் வீட்டினுள்ளேயே புகும். மலகூடக் குழிகள் நிரம்பிக் கிணற்று நீரோடு கலக்கும். வெடிப்பும் துளையுமுடைய சுண்ணாம்புக்கல் நிலத்தில் இக்கலப்பு ஒரு வளவோடு நின்றுவிடாது.

2008 நவம்பரில் நிஷா புயலின்போதும், 2020 டிசெம்பரில் புரெவிப் புயலின்போதும், 2024 நவம்பர் இறுதியிலும் குடாநாடு வெள்ளத்தில் மூழ்கியது. புயல் இயற்கையின் செயல். ஆனால் நீர் வடிய எத்தனை நாள் சென்றன, யாருடைய வீட்டில் அது நின்றது என்பவை மனிதரின் செயல்கள்.

6. சட்டத்தின் இடைவெளி

சட்டங்கள் இல்லாமலில்லை. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் நெற்காணியை அனுமதியின்றி வேறு தேவைக்குப் பயன்படுத்தலைத் தடைசெய்கின்றது. தேசிய சுற்றாடற் சட்டத்தின் கீழ் 1993இல் வெளியான கட்டளை, 1,000க்கு மேற்பட்ட வீடுகளைக் கொண்ட திட்டங்களையும், 4 ஹெக்டேயருக்கு மேற்பட்ட ஈரநிலத்தை நிரப்பும் திட்டங்களையும் சுற்றாடல் மதிப்பீட்டுக்கு உட்படுத்தியது. இந்த அளவுகோல் பெருநகருக்குப் பொருந்தலாம். மேலே நாம் கண்ட ஐம்பது வீட்டுத் திட்டம் சுமார் இரண்டரை ஹெக்டேயரே. அது இவ்வரம்புகளுக்கு அப்பால் நின்றுவிடும். ஒரே வாய்க்காலின் வழியில் பத்துச் சிறு திட்டங்கள் அமையுமாயின் அவற்றின் கூட்டு விளைவை எவரும் கணக்கிடுவதில்லை. பெருந்திட்டத்தை நோக்கும் சட்டத்தின் கண்ணுக்குச் சிறு திட்டங்களின் தொகுதி புலப்படுவதில்லை.

மேலும், குளம் ஒரு திணைக்களத்துக்கு, வீதி இன்னொன்றுக்கு, வாய்க்கால் பிரதேச சபைக்கு, வீடு வேறோர் அதிகார சபைக்கு எனப் பிரிந்து கிடக்கின்றன. நீரோ பிரியாமல் ஓடுகின்றது.

7. எதிர்ப்பின் இரு முகங்கள்

தாழ்நிலக் குடியிருப்புத் திட்டங்களுக்கு ஊரவர் தெரிவிக்கும் எதிர்ப்பை நாம் இரு நிலைகளில் வைத்து நோக்குதல் வேண்டும். வெள்ளம் பற்றிய அச்சம் பெரும்பாலும் அனுபவத்தின் வழி வந்த நியாயமான அச்சமே. அதனை அறியாமை என ஒதுக்கும் அதிகாரிகள் நிலத்தை அறியாதவர்கள். எனினும் காணியற்றோரும் ஒடுக்கப்பட்டோரும் தம் ஊருக்குள் வரலாகாது என்னும் எண்ணம் வடிகால் வாதத்தைப் போர்த்திக்கொண்டு வருதலும் உண்டு. இரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய வழி உள்ளது. எதிர்ப்போர் தம் மதிலின் கீழ் நீர்வழி விட்டுள்ளனரா? தாம் அடைத்த வாய்க்காலைத் திறக்க ஆயத்தமா? திட்டத்துக்கு மாற்றாக மேட்டு நிலத்தில் இடம் தரச் சம்மதமா? இவற்றுக்கு ஆம் என்போரின் அச்சம் உண்மையானது. இல்லை என்போர் காக்க விழைவது வாய்க்காலையன்று.

ஆகவே, வீடா வயலா என்று கேள்வியை அமைத்தல் பிழையாகும். அவ்வாறு அமைக்கப்படும்போது மேட்டு நிலத்தின் உடைமை கேள்விக்கு அப்பாற்பட்டதாகிவிடுகின்றது. ஆளின்றிப் பூட்டிக் கிடக்கும் மேட்டு வளவுகள் ஒருபுறமிருக்க, வீடற்றோரை நீர் நிற்கும் நிலத்தில் இருத்துவதும், பின்னர் வெள்ளத்துக்கு அவர்களையே பொறுப்பாக்குவதும் அநீதியாகும்.

எந்தக் கிராமத்தில் எந்தத் திட்டம் முன்மொழியப்படினும் சில முன்நிபந்தனைகளை மக்கள் கோருதல் வேண்டும். ஒரு மாரி முழுவதும் அந்நிலத்தின் நீர்மட்டம் அவதானிக்கப்படல் வேண்டும். ஊரின் முதியோர் நினைவிலும் பழைய உறுதிகளிலும் உள்ள வெள்ளவாய்க்கால்கள் யாவும் வரைபடமாக்கப்பட்டு, பொதுவுடைமையாகப் பிரகடனம் செய்யப்படல் வேண்டும். தனித்தனித் திட்டமன்றி முழு நீரேந்துப் பரப்புமே மதிப்பீட்டுக்கு அலகாதல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பயன்படுத்தப்படாத மேட்டுக் காணியைப் பொதுத் தேவைக்குப் பெறுவது பற்றிய விவாதம் தொடங்கப்படல் வேண்டும்.

வாய்க்கால்களை வரைபடமாக்கும் பணியில் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களுக்கும் மாணவருக்கும் பங்குண்டு. இடப்பெயர் ஆய்வும் உறுதி ஆய்வும் நமக்குப் பழக்கமானவை. அவற்றை ஒரு பள்ளத்து வீட்டின் வாசலில் வெள்ளம் ஏறாமற் காக்கும் அறிவாக மாற்றுதல் இனி நம் கடமையாகும்.