அழற்சியும் கதிர்வீச்சும்

செம்மை, வீக்கம், வெப்பம், வலி ஆகிய நான்கும் அழற்சியின் அடையாளங்கள் என்று முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமையரான செல்சுஸ் எழுதிவைத்தார். வீக்கத்தைக் குறிக்க அவர் கையாண்ட 'தூமோர்' என்ற இலத்தீன் சொல்லே இன்று புற்றுக்கட்டிக்கும் பெயராக வழங்குகிறது. இது வெறும் சொல் ஒற்றுமையன்று. 1863-இல் செர்மானிய மருத்துவ மேதை ஃபிர்கோ, கட்டிகளினுள் வெள்ளணுக்கள் குழுமியிருப்பதைக் கண்டு, அழற்சி நீடிக்கும் இடத்தில் புற்று முளைக்கும் எனக் கருதினார்.

1895 நவம்பரில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். 1901-இல் பெக்கரெல் தம் சட்டைப்பையில் ரேடியத்தை வைத்திருந்து தோல் சிவந்து புண்ணுற்றார். கதிர் அழற்சியை எழுப்பும் என்பதை அறிஞர்கள் தம் உடலிலேயே கற்றனர் எனலாம். ஆயினும் உயிரணுவுக்குள் நடப்பது என்னவென்பது நெடுங்காலம் மறைவாகவே இருந்தது.

1986-இல் ரஞ்சன் சென், டேவிட் பால்டிமோர் ஆகிய இருவரும் 'என்.எஃப். கப்பா பி' என்னும் புரதத்தை அறிவித்தனர். இயல்பு நிலையில் இது வேறொரு புரதத்தால் கட்டுண்டு உட்கருவுக்கு வெளியே கிடக்கிறது. கதிர் பட்டு டி.என்.ஏ. இழை அறுபடும்போது கட்டு அவிழ, உட்கருவினுள் புகுந்து அழற்சிக்குரிய மரபணுக்களைத் தூண்டுகிறது. கதிர்வீச்சால் இது விழித்தெழுவது 1991-இல் மனித இரத்தப் புற்றணுக்களில் காணப்பட்டது. 1996-இல் வெளியான ஆய்வோ நம்மைத் திகைக்க வைக்கிறது: இப்புரதத்தைத் தடுத்தபோது கதிருக்கு மடிந்த புற்றணுக்கள் மிகுந்தன. அதாவது, கொல்ல அனுப்பிய கதிரே புற்றணுவின் காவலையும் எழுப்பிவிடுகிறது! சிகிச்சையின் துன்பமனைத்தையும் தாங்கிய நோயாளிக்கு மீண்டும் கட்டி வளர்வதன் காரணங்களுள் ஒன்று இங்கே இருக்கிறது.

எனினும் அழற்சி புற்றுக்கு மட்டுமே துணைபோவதில்லை. ஓரிடத்தில் கதிர் பாய்ச்ச, வேறிடத்துக் கட்டி சுருங்குவதை 1953-இல் மோல் என்ற ஆங்கிலேயர் 'அப்ஸ்கோபல்' என அழைத்தார் (பாதி இலத்தீன், பாதி கிரேக்கம், மொழிப்பற்றாளர் பொறுத்தருள்க). அரிதாகவே நிகழ்ந்த இதற்கு ஒரு விளக்கம் பின்னரே கிட்டியது. சிதறிய டி.என்.ஏ. உட்கருவுக்கு வெளியே சிறு பொதிகளாகத் தங்க, 'சி-காஸ்' என்னும் உணர்புரதம் அதனை வைரசின் வருகையெனக் கொண்டு இன்டர்ஃபெரான் சுரக்கச் செய்து நோய் எதிர்ப்பணுக்களை அழைக்கிறது என்று 2017-இல் தெளிவாயிற்று.

அப்படியாயின் கதிரை மிகுதியாகப் பாய்ச்சினால் அழைப்பும் ஓங்குமா? அதே 2017-இல் இதற்கு மாறான விடை வந்தது. அளவு மிஞ்சும்போது 'ட்ரெக்ஸ் 1' என்னும் நொதி பெருகி, சிதறிய டி.என்.ஏ.வை அழித்துவிடுகிறது. எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்துடன் எலிகளுக்கு மும்முறை 8 கிரே வீதம் கதிர் அளித்தபோது கிட்டிய பலன், ஒரே முறையில் 20 கிரே அளித்தபோது கிட்டவில்லை.