தாம் லுவாங் குகையும் ஒரு கோச்சின் கருணையும்



கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். வீட்டில் பந்து விளையாடும் பிள்ளை இருந்தால் அவனுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

போன மாதம் எமது 16 வயதுக்குட்பட்ட உதைபந்தாட்ட அணி அயலிலுள்ள ஒரு சிங்களப் பாடசாலை அணியுடன் விளையாடியது. நாங்கள் வென்றோம். கடைசி கோல், எதிரணியின் கோல்காப்பாளருடைய கையிலிருந்து நழுவி உள்ளே போன பந்து. அந்தப் பிள்ளை அப்படியே தரையில் குந்திவிட்டான். எமது பிள்ளைகள் அவனைச் சுற்றி நின்று கூச்சலிட்டார்கள், கைதட்டிச் சிரித்தார்கள். பொறுப்பாசிரியராக நான் பக்கத்தில்தான் நின்றேன். வெற்றியின் சந்தோஷத்தில் நானும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை.

திங்கட்கிழமை வகுப்பில் இதைப் பற்றிக் கேட்டேன். ஒரு மாணவன் எழுந்து, "தோத்தவனப் பாத்து சிரிக்காம எப்படி சேர் மெச் வெல்லுற?" என்றான். வகுப்பே சிரித்தது. அவனுக்கு நான் சொன்ன பதில்தான் இந்தப் பதிவு. வரலாற்று ஆசிரியன் என்பதால் புத்திமதி சொல்வதைவிட நடந்ததைச் சொல்வது எனக்கு இலகு.

2018 ஜூன் 23, சனிக்கிழமை. தாய்லாந்தின் வடக்கே, மியன்மார் எல்லையை ஒட்டிய சியாங் ராய் மாகாணத்தின் மே சாய் ஊர். அங்கே "மூ பா" என்றொரு சிறுவர் உதைபந்தாட்ட அணி. மூ பா என்றால் காட்டுப்பன்றி. (பெயரைக் கேட்டு எனது மாணவர்கள் சிரித்து முடிய இரண்டு நிமிடம் ஆனது.) பயிற்சி முடிந்ததும் 12 பிள்ளைகளும் உதவிப் பயிற்றுவிப்பாளரும் சைக்கிளில் தாம் லுவாங் குகையைப் பார்க்கப் போனார்கள். பிள்ளைகள் 11 வயது முதல் 16 வயது வரையானவர்கள். கோச்சுக்கு 25 வயது. பெயர் ஏக்கபொல் சந்தவோங். உள்ளே போன பிறகு மழை கொட்டியது. குகைக்குள் வெள்ளம் புகுந்து வழியை மூடிவிட்டது. மாலையில் பிள்ளைகளைத் தேடிப் போனவர்கள் கண்டது வாயிலில் நின்ற சைக்கிள்களையும் பைகளையும்தான்.

இந்த ஏக்கபொல் யார்? சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர். பத்து வயதளவில் விகாரையில் சேர்ந்து, ஏறத்தாழ பத்து வருடங்கள் துறவியாக வாழ்ந்தவர். பிறகு பாட்டியைப் பராமரிப்பதற்காகக் காவியுடையைக் களைந்து மே சாய்க்கு வந்தார். எந்த நாட்டின் பிரஜாவுரிமையும் அப்போது அவருக்கு இருக்கவில்லை. அணியிலிருந்த மூன்று பிள்ளைகளுக்கும் அதே நிலைதான். பரீட்சையில் நல்ல புள்ளி எடுக்கும் பிள்ளைக்குப் பந்தாட்டச் சப்பாத்தோ காற்சட்டையோ பரிசாகக் கொடுக்கும் ஒரு முறையை அவர் அணியில் கொண்டுவந்திருந்தார். ஆசிரியர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பிள்ளை கோல் அடிக்கிறானா என்பதோடு அவர் நிற்கவில்லை.

ஒன்பது நாட்கள் அவர்கள் உயிருடன் இருக்கிறார்களா என்றே உலகத்துக்குத் தெரியாது. ஜூலை 2ஆம் திகதி இரவு, பிரித்தானியச் சுழியோடிகளான ரிச்சர்ட் ஸ்டான்டனும் ஜோன் வொலந்தனும் வாயிலிலிருந்து சுமார் 4 கிலோமீற்றர் உள்ளே ஒரு மேட்டில் 13 பேரையும் கண்டார்கள். அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மெலிந்துபோன பிள்ளைகள், ஆனால் யாரும் அலறவில்லை, அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடி வரவில்லை. அந்த அமைதி எங்கிருந்து வந்தது?

இருட்டில் கோச் அவர்களுக்குத் தியானம் செய்யக் கற்றுக்கொடுத்திருந்தார். விகாரையில் தான் பழகியதையே சொல்லிக்கொடுத்தார். பயத்தில் அழுது களைத்தால் உடம்பின் சக்தி வீணாகும். மனம் அடங்கினால் மூச்சும் அடங்கும். பின்னைய நாட்களில் குகைக்குள் ஒட்சிசன் அளவு 15 வீதம் வரை இறங்கியது. சாதாரண காற்றில் அது 21 வீதம்.

இங்கே ஒரு விடயத்தை நிறுத்திச் சொல்ல வேண்டும். கோச் தனது பங்குத் தின்பண்டத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் பட்டினி கிடந்தார் என்ற செய்தி அன்று உலகமெங்கும் பரவியது. நானும் பகிர்ந்தேன். ஆனால் ஜூலை 18ஆம் திகதி ஊடகச் சந்திப்பில் பிள்ளைகளே உண்மையைச் சொன்னார்கள். அவர்களிடம் உணவே இருக்கவில்லை. பாறையில் கசிந்த தண்ணீரைத்தான் குடித்தார்கள். செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்று எமது மார்க்கம் சொல்லியிருந்தும் நாம் விசாரிப்பதில்லை. அவருடைய கருணைக்கு அந்தக் கட்டுக்கதை தேவையும் இல்லை. உண்மையில் நடந்தவையே போதும்.

வெளியேறும் வழி தேடி, கற்களால் குகைச் சுவரை முறை வைத்துத் தோண்டச் செய்தார். பிள்ளைகள் சும்மா இருந்து நம்பிக்கை இழக்கக் கூடாதே. மீட்பு தொடங்கியபோது யார் முதலில் போவது என்ற கேள்வி வந்தது. வீடு தூரத்தில் உள்ளவர்கள் முதலில் போகட்டும் என்று முடிவெடுத்தார்கள். வெளியே வந்ததும் சைக்கிளில் வீட்டுக்குப் போகப் போகிறோம் என்று நினைத்திருந்தார்கள் அந்த அப்பாவிகள்! உலகமே வாயிலில் கூடி நிற்பது அவர்களுக்குத் தெரியாது.

உள்ளேயிருந்து கோச் பெற்றோருக்கு ஒரு கடிதம் அனுப்பினார். மன்னிப்புக் கேட்டார், பிள்ளைகளை முடிந்தவரை பார்த்துக்கொள்வதாக வாக்களித்தார். பெற்றோரும் பதில் எழுதினார்கள். உங்கள் மேல் கோபம் இல்லை, உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம் என்பதே அதன் சாரம். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எமது ஊரில் ஒரு விளையாட்டு ஆசிரியர் பிள்ளைகளை இப்படிக் கூட்டிக்கொண்டுபோய் ஆபத்தில் மாட்டியிருந்தால் நாம் என்ன எழுதியிருப்போம்?

பௌத்தத்தில் நான்கு மனநிலைகளை உயர்வாகச் சொல்வார்கள். மெத்தா, கருணா, முதிதா, உபேக்கா. மெத்தாவைச் சிங்களச் சகோதரர்கள் மைத்ரீ என்பார்கள். எல்லோரும் நலமாக இருக்க வேண்டும் என்ற அன்பு அது. கருணா, துன்பப்படுபவனைக் கண்டு இரங்குவது. முதிதா, அடுத்தவன் வெற்றியில் மகிழ்வது. உபேக்கா, வெற்றி தோல்வி இரண்டிலும் நிலைகுலையாத மனம். விளையாட்டு மைதானத்தில் மிகவும் கஷ்டமானது முதிதாதான் என்று நான் நினைக்கிறேன்.

இந்த மெத்தாவை எப்படிப் பழகுவது என்று படிப்படியாகச் சொல்லும் "விசுத்திமக்க" என்ற பாளி நூல், 5ஆம் நூற்றாண்டில் புத்தகோஷ தேரரால் அநுராதபுரத்தில் எழுதப்பட்டது. எங்கள் நாட்டில்! முதலில் உனக்கு நலம் விரும்பு, பிறகு உனக்குப் பிரியமானவனுக்கு, பிறகு அறிமுகம் மட்டுமே உள்ளவனுக்கு, கடைசியில் பகைவனுக்கு என்பதே அதன் வரிசை. இலங்கையின் தேரவாத மரபு சுகோதாய் காலத்தில் சியாம் தேசத்துக்குப் போனது. பிற்காலத்தில் இங்கே உபசம்பதா மரபு அறுந்துபோனபோது, 1753இல் சியாமிலிருந்து உபாலி தேரர் கண்டிக்கு வந்து அதை மீண்டும் நிறுவினார். இன்றைய சியாம் நிக்காயவின் பெயரே அதற்குச் சாட்சி. ஆக, தாம் லுவாங் இருட்டில் அந்தப் பிள்ளைகளைக் காத்த மரபுக்கும் எமது மண்ணுக்கும் பழைய உறவு இருக்கிறது.

இதை எழுதும்போது சிலருக்கு மனம் கசக்கும் என்பது தெரியும். அதே 2018 மார்ச் மாதம்தான் திகணையிலும் அதைச் சுற்றியும் எமது கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. மூன்று மாதத்துக்குப் பிறகு குகைச் செய்தி வந்தபோது, "பௌத்தக் கருணை" என்ற சொல்லே எனக்குக் கசந்தது. மறைக்கவில்லை. ஆனால் ஒரு மார்க்கத்தின் பெயரால் தீ வைத்தவனை வைத்து அந்த மார்க்கத்தை அளந்தால், எமது பெயரால் 2019 ஏப்ரலில் குண்டு வைத்தவர்களை வைத்து எம்மை அளப்பவர்களுக்கு நாம் என்ன பதில் சொல்வது? அளவுகோல் இரண்டு இருக்க முடியாது.

குகைக்கு வெளியே நடந்தவற்றையும் பாருங்கள். குகையிலிருந்து இறைத்த வெள்ளம் அயல் வயல்களை மூழ்கடித்தது. நட்ட நாற்று அழிந்த விவசாயிகள் பலர் நட்டஈடு வேண்டாம் என்றார்கள். முஸ்லிம்கள் அதிகமாக வாழும் தென்பகுதி லிபோங் தீவிலிருந்து, பறவைக்கூடு எடுப்பதற்காகப் பாறை ஏறிப் பழகியவர்கள் வந்து மலையில் துவாரம் தேடினார்கள். மூன்று கடற்படை வீரர்களும் ஓர் இராணுவ வைத்தியரும் பிள்ளைகளுடன் குகைக்குள்ளேயே தங்கினார்கள். அவுஸ்திரேலிய மயக்க மருந்து நிபுணர் ரிச்சர்ட் ஹரிஸ் ஒவ்வொரு பிள்ளையையும் மயக்கமாக்கி, சுழியோடிகள் தண்ணீருக்கடியில் கொண்டுவந்தார்கள். ஜூலை 8ஆம் திகதி நால்வர், 9ஆம் திகதி நால்வர், 10ஆம் திகதி கோச்சுடன் சேர்த்து ஐவர். அல்ஹம்துலில்லாஹ், 13 பேரும் உயிருடன்.

ஆனால் அதற்கு விலை இருந்தது. முன்னாள் கடற்படை வீரர் சமன் குனான் ஜூலை 6ஆம் திகதி குகைக்குள் காற்றுச் சிலிண்டர்களை வைத்துவிட்டுத் திரும்பும் வழியில் மூச்சடைத்து இறந்தார். அவரும் ஒரு விளையாட்டு வீரர்தான். நெடுந்தூர ஓட்டங்களிலும் ட்ரையத்லன் போட்டிகளிலும் பங்குபற்றியவர். அந்த மரணத்தைப் பிள்ளைகளுக்கு வைத்தியசாலையில்தான் சொன்னார்கள். அவருடைய படத்தைச் சுற்றி நின்று அழுதார்கள். ஜூலை 25ஆம் திகதி 11 பிள்ளைகள் சாமணேரர்களாகவும் கோச் பிக்குவாகவும் சில நாட்களுக்குத் துறவு பூண்டு, அதன் புண்ணியத்தை அவருக்குச் சமர்ப்பித்தார்கள். பன்னிரண்டாவது பிள்ளை அதுல் சாம்-ஒன் கிறிஸ்தவன், அதனால் அவன் துறவு பூணவில்லை. குகைக்குள் பிரித்தானியச் சுழியோடிகளுடன் ஆங்கிலத்தில் பேசி எல்லோருக்கும் வாயாக இருந்தவன் அவன்தான்.

எம்மில் பலர் அறியாத இன்னொரு பெயர் பெய்ரூட் பக்பாரா. மீட்பில் பங்குகொண்ட தாய்லாந்துக் கடற்படை வீரர். அங்கே தொற்றிய இரத்தக் கிருமியால் ஒரு வருடத்துக்கும் மேல் சிகிச்சை பெற்று, 2019 டிசம்பரில் காலமானார். அவர் ஒரு முஸ்லிம். தென்பகுதி சதூன் மாகாணத்தில் பள்ளிவாசல் மையவாடியில் அவரது ஜனாஸா அடக்கப்பட்டது. அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்வானாக. பௌத்தப் பிள்ளைகளுக்காக உயிரைக் கொடுத்த ஒரு முஸ்லிம். தாய்லாந்தின் தெற்கிலும் எங்களைப் போல காயங்கள் நிறைந்த வரலாறு இருக்கிறது. இருந்தும் அவர் தண்ணீருக்குள் இறங்கினார்.

கடைசிப் பிள்ளைகள் வெளியே வந்த அதே ஜூலை 10ஆம் திகதி, உலகக் கிண்ண அரையிறுதியில் பிரான்ஸ் பெல்ஜியத்தை 1-0 என வென்றது. பிரான்ஸ் வீரர் போல் பொக்பா அந்த வெற்றியைக் குகைப் பிள்ளைகளுக்கே அர்ப்பணித்தார். அவரும் முஸ்லிம்தான். தனது வாழ்க்கையின் பெரிய வெற்றிகளில் ஒன்றைப் பெற்ற இரவில், முகம் தெரியாத பிள்ளைகளின் உயிர் மீண்டதில் மகிழ்ந்தார். முதிதா என்ற சொல்லை அவர் கேள்விப்பட்டிருக்கத் தேவையில்லை.

எமது அகீதா வேறு, அவர்களின் நம்பிக்கை வேறு. அதில் குழப்பம் வேண்டாம். ஆனால் நபி (ஸல்) அவர்களின் அழ்பா என்ற ஒட்டகம், ஒரு கிராமவாசியின் இளம் ஒட்டகத்திடம் பந்தயத்தில் பிந்திய சம்பவம் எங்களுக்குத் தெரியும்தானே? ஸஹாபாக்கள் மனம் வருந்தினார்கள். உலகில் உயர்ந்த எதையும் தாழ்த்துவது அல்லாஹ்வின் நியதி என்ற கருத்தில் நபியவர்கள் அவர்களைத் தேற்றினார்கள். தோல்வியில் நிதானம், வென்றவன் மேல் காழ்ப்பின்மை. இது எமது வீட்டுச் சொத்து. நாம்தான் மைதானத்துக்குப் போகும்போது வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறோம்.

இவ்வளவையும் சொல்லி முடித்தபோது வகுப்பு அமைதியாக இருந்தது. முதலில் கேள்வி கேட்ட மாணவன் மட்டும் கேட்டான்: "அப்ப சேர், அந்த கீப்பர்ட நாங்க என்ன சொல்ற?"

அந்தக் கேள்விக்கு வகுப்பறையில் பதில் இல்லை. கடந்த வெள்ளிக்கிழமை நானும் அணித்தலைவனும் அந்தக் கேள்வியைக் கேட்ட மாணவனும் அந்தப் பாடசாலைக்குப் போனோம். முதலில் நான் அவர்களின் விளையாட்டு ஆசிரியரிடம் மன்னிப்புக் கேட்டேன். பிழை பிள்ளைகளுடையது மட்டுமல்ல, பார்த்துக்கொண்டு நின்றவனுடையதும்தான். கோல்காப்பாளர் மகன் வெட்கத்துடன் சிரித்தான். எனது மாணவர்கள் இருவரும் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் என்னவோ சொன்னார்கள். பத்து நிமிடத்தில் மூவரும் பந்துடன் மைதானத்தில் நின்றார்கள். ஆசிரியர்கள் நாங்கள் பிளேன்டீ குடித்தோம்.

எமது அணிக்கு இப்போது ஒரு சட்டம் இருக்கிறது. போட்டி முடிந்ததும், வென்றாலும் தோற்றாலும், முதல் கை எதிரணிக் கோல்காப்பாளருக்கு. பெற்றோரே, பார்வையாளர் பக்கத்திலிருந்து கத்தும் உங்களிடமும் இதையே எதிர்பார்க்கிறேன். பிள்ளை மைதானத்தில் எங்களைப் பார்த்துத்தான் படிக்கிறான்.

அல்லாஹ் எமது பிள்ளைகளின் உள்ளங்களை இளக்கி வைப்பானாக. ஆமீன்.