அகின்ஃபென்வா: இங்கிலாந்தின் கீழ்நிலை லீக்குகளில் இருபதாண்டுகள்

இங்கிலாந்தின் கால்பந்து என்றதும் உலகின் நினைவுக்கு வருவது பிரீமியர் லீக். ஆனால் அந்த லீக்கில் இருப்பவை 20 கழகங்கள் மட்டுமே. அதற்குக் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ என்ற மூன்று பிரிவுகளில், பிரிவுக்கு 24 வீதம் 72 தொழில்முறைக் கழகங்கள் இருக்கின்றன. இங்கிலாந்தில் கால்பந்தைத் தொழிலாகக் கொண்ட வீரர்களில் பெரும்பாலானோர் இந்த 72 கழகங்களில்தான் தங்கள் வாழ்க்கையைக் கழிக்கின்றனர். அவர்களுள் மிகவும் அறியப்பட்ட ஒருவர் அடெபாயோ அகின்ஃபென்வா. 2001 முதல் 2022 வரை அவர் 13 கழகங்களுக்காக ஆடினார்; இருநூறுக்கும் மேற்பட்ட கோல்களை அடித்தார்; பிரீமியர் லீக்கில் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை.

அவருடைய உடல்வலிமை பற்றிப் பலரும் எழுதியிருக்கின்றனர். ஆனால் அவருடைய வாழ்க்கைக் கதை வேறொன்றையும் எடுத்துக்காட்டுகிறது. கீழ்நிலை லீக்குகளில் ஆடும் ஒரு வீரர், அடிப்படையில், குறுகியகால ஒப்பந்தத்தில் பணியாற்றும் ஒரு தொழிலாளி என்பதே அது.

லித்துவேனியாவில் தொடக்கம்

லண்டனின் இஸ்லிங்டன் பகுதியில், நைஜீரியாவிலிருந்து குடியேறிய குடும்பத்தில், 1982ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் தேதி அகின்ஃபென்வா பிறந்தார். சிறுவயது முதலே லிவர்பூல் அணியின் ஆதரவாளர். அந்த அணியின் ஜான் பார்ன்ஸ் அவருக்கு முன்மாதிரி.

வாட்ஃபோர்ட் கழகத்தின் இளையோர் அணியில் பயிற்சி பெற்றபோதிலும், இங்கிலாந்தில் அவருக்கு வாய்ப்பு அமையவில்லை. முகவர் ஒருவரின் ஏற்பாட்டில், 2001ஆம் ஆண்டில் லித்துவேனியாவின் துறைமுக நகரான கிளைபேடாவுக்குச் சென்று, அங்குள்ள அட்லாண்டாஸ் கழகத்தில் சேர்ந்தார். அதே ஆண்டில் அந்தக் கழகம் லித்துவேனியக் கோப்பையை வென்றது.

ஆனால் பதின்ம வயதைக் கடந்துகொண்டிருந்த அந்தக் கறுப்பின இளைஞருக்கு அரங்குகளில் கிடைத்த வரவேற்பு கசப்பானது. எதிரணி ஆதரவாளர்கள் மட்டுமன்றித் தம் கழகத்தின் ஆதரவாளர்களும் நிறவெறி முழக்கங்களை எழுப்பியதாகப் பின்னாளில் அளித்த பேட்டிகளில் அவர் கூறியிருக்கிறார். ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று எண்ணியபோது, தங்கியிருந்து தன்னை நிரூபிக்குமாறு தன் அண்ணன் கூறியதாகவும் அவர் தெரிவித்திருக்கிறார். அவர் தங்கினார்.

வேலையற்றோர் பெருகிய காலம்

அவர் பிரிட்டனுக்குத் திரும்பிய காலம், கீழ்நிலைக் கழகங்களுக்கு மிக மோசமான காலமாக இருந்தது. இந்தக் கழகங்களின் ஆட்டங்களை ஒளிபரப்புவதற்காக ஐடிவி டிஜிட்டல் என்ற தொலைக்காட்சி நிறுவனம் மூன்று ஆண்டுகளுக்கு 31 கோடியே 50 லட்சம் பவுண்டுகள் தருவதாக ஒப்பந்தம் செய்திருந்தது. 2002ஆம் ஆண்டில் அந்த நிறுவனம் வீழ்ந்தது. வரவிருக்கும் பணத்தை நம்பிச் செலவு செய்திருந்த கழகங்கள் கடனில் மூழ்கின. அந்தக் கோடையில் நூற்றுக்கணக்கான வீரர்கள் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் விடுவிக்கப்பட்டனர். ஒரே இடத்துக்குப் பலர் போட்டியிடும் நிலை உருவானது.

2003ஆம் ஆண்டில் வேல்ஸின் பேரி டவுன் கழகத்தில் அகின்ஃபென்வா சேர்ந்தார். அந்தக் கழகம் வேல்ஸின் லீக் பட்டத்தையும் கோப்பையையும் வென்ற அதே ஆண்டில் நிதி நெருக்கடியில் சிக்கியது. அடுத்துவந்த 2003-04 பருவத்தில் மட்டும் அவர் நான்கு கழகங்களின் சட்டையை அணிந்தார்: பாஸ்டன் யுனைட்டெட், லேய்டன் ஓரியன்ட், ரஷ்டன் அண்ட் டைமண்ட்ஸ், டான்காஸ்டர் ரோவர்ஸ். சில வாரங்கள் அல்லது சில மாதங்களுக்கான ஏற்பாடுகளாகவே அவை இருந்தன. 2004ஆம் ஆண்டில் டார்கீ யுனைட்டெட் அவரை ஒப்பந்தம் செய்தபோதுதான், இங்கிலாந்தில் ஒரே கழகத்தில் ஒரு முழுப் பருவம் ஆடும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. அப்பருவத்தின் முடிவில் டார்கீ கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. அவர் சுவான்சி சிட்டிக்குச் சென்றார்.

சுதந்திரத்தின் இரு பக்கங்கள்

ஒரு வீரர் இவ்வாறு ஆண்டுதோறும் இடம்பெயர்வது எப்படி நேர்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, ஆங்கிலக் கால்பந்தின் தொழிலாளர் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1961ஆம் ஆண்டு வரை இங்கிலாந்தில் ஒரு வீரருக்கு வாரத்துக்கு 20 பவுண்டுகளுக்கு மேல் ஊதியம் தரக்கூடாது என்ற விதி இருந்தது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் வீரரைத் தன்வசமே வைத்துக்கொள்ளும் உரிமை கழகத்துக்கு இருந்தது. 1907ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தொழில்முறைக் கால்பந்து வீரர் சங்கம் இவ்விரண்டையும் எதிர்த்துப் போராடியது. ஊதிய உச்சவரம்பு 1961இல் நீக்கப்பட்டது. நியூகாசில் யுனைட்டெட் கழகத்துக்கு எதிராக ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் தொடுத்த வழக்கில், வீரரைத் தடுத்துவைக்கும் முறை நியாயமற்ற கட்டுப்பாடு என்று 1963இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இறுதியாக, பெல்ஜிய வீரர் ஜான்-மார்க் போஸ்மன் தொடுத்த வழக்கில், ஒப்பந்தம் முடிந்த வீரர் மாற்றுக்கட்டணம் ஏதுமின்றி ஐரோப்பிய ஒன்றியத்தின் மற்றொரு நாட்டுக் கழகத்துக்குச் செல்லலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 1995இல் தீர்ப்பு வழங்கியது.

இந்தச் சுதந்திரத்தால் மேல்மட்ட வீரர்கள் பெரும் பயன் அடைந்தனர். பல கழகங்கள் விரும்பும் ஒருவருக்கு, ஒப்பந்தம் முடிவது பேரம் பேசும் வாய்ப்பு. கீழ்நிலையில் நிலைமை வேறு. வீரர் கழகத்தை விட்டு விலகச் சுதந்திரம் பெற்றதைப் போலவே, கழகமும் வீரரிடமிருந்து விடுபடும் சுதந்திரத்தைப் பெற்றது. மாற்றி விற்க இயலாத வீரருக்கு நீண்ட ஒப்பந்தம் தருவதில் கழகத்துக்கு லாபமில்லை. எனவே ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தங்களே அங்கு வழக்கம். பருவம் முடியும் மே மாதத்தில், யாரை வைத்துக்கொள்வது, யாரை விடுவிப்பது என்ற பட்டியலைக் கழகங்கள் வெளியிடும். ஒப்பந்தங்கள் ஜூன் இறுதியில் முடிவடையும். விடுவிக்கப்பட்டவருக்குப் புதிய கழகத்தைத் தேட ஒரு கோடைக்காலமே எஞ்சியிருக்கும்.

சுவான்சியில் ஒரு திருப்பம்

சுவான்சியின் புதிய அரங்கில், போட்டி ஆட்டமொன்றில் அடிக்கப்பட்ட முதல் கோல் அகின்ஃபென்வாவுடையது. 2006ஆம் ஆண்டு கார்டிஃப் நகரில் நடைபெற்ற ஃபுட்பால் லீக் டிராஃபி இறுதியாட்டத்தில் கார்லைல் யுனைட்டெட் அணிக்கு எதிராக வெற்றி கோலையும் அவரே அடித்தார்.

சில வாரங்களுக்குப் பின்னர், இரண்டாம் நிலைப் பிரிவுக்கு உயரும் வாய்ப்பை முடிவு செய்யும் பிளே-ஆஃப் இறுதியாட்டத்தில் பார்ன்ஸ்லியுடன் சுவான்சி 2-2 என்று சமநிலை கண்டது. பெனால்டி உதைகளில் சுவான்சி தோற்றது. உதையைத் தவறவிட்டவர்கள் இருவர்: அகின்ஃபென்வா, ஆலன் டேட்.

அதன்பின் இருவரின் பாதைகளும் பிரிந்தன. டேட் சுவான்சியிலேயே இருந்தார். அந்தக் கழகம் 2011ஆம் ஆண்டில் பிரீமியர் லீக்குக்கு உயர்ந்தபோது அதன் அணியில் இடம்பெற்றிருந்தார். அகின்ஃபென்வாவோ 2007ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கால் எலும்பு முறிந்து களத்திலிருந்து விலகினார். அந்தக் கோடையில் சுவான்சியுடனான அவரது தொடர்பு முடிவுக்கு வந்தது. நவம்பர் வரை அவருக்குக் கழகம் இல்லை. பிறகு மில்வாலில் கோல் ஏதுமற்ற ஒரு குறுகிய காலம். 2008 ஜனவரியில் நார்தாம்ப்டன் டவுன்.

கீழ்நிலை லீக்கில் ஒரு காயத்தின் விலை என்ன என்பதை இது உணர்த்துகிறது. நீண்ட ஒப்பந்தம் உள்ளவர் ஊதியத்துடன் குணமடைகிறார். ஒப்பந்தம் முடியும் ஆண்டில் காயமடைபவர், தன் உடல் இன்னும் பயன்படும் என்பதைப் புதிய கழகத்தின் மருத்துவருக்கு முதலில் மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது.

உடல் ஒரு மூலதனம்

அடுத்த ஆறு ஆண்டுகளில் நார்தாம்ப்டனில் இரு முறையும் கில்லிங்காமில் இரு முறையும் அகின்ஃபென்வா ஆடினார். நூறு கிலோவுக்கு மேல் எடை கொண்ட அவரைக் கால்பந்து வீரர் என்று நம்பப் பலர் தயங்கினர். நவீனப் பயிற்சியாளர்கள் விரும்பிய மெலிந்த, விரைவான உடல்வாகு அவருடையது அல்ல. ஆயினும் அவருடைய ஆட்டமுறை தெளிவாக இருந்தது. பின்வரிசையிலிருந்து நெடுந்தொலைவுக்கு உதைக்கப்படும் பந்தை, எதிரணித் தடுப்பாளரை முதுகால் தாங்கி நிறுத்தி, மார்பில் வாங்கி, ஓடிவரும் சக வீரரிடம் ஒப்படைப்பதில் அவர் தேர்ந்தவர். பருவத்துக்கு 46 லீக் ஆட்டங்கள் நடைபெறும் பிரிவுகளில், மழைக்காலச் சேற்றுக் களங்களில், இந்தத் திறனுக்குத் தேவை இருந்தது.

ஃபிஃபா கணினி விளையாட்டு அவரை உலகின் மிக வலிமையான வீரராகப் பட்டியலிட்டது. நான்காம் பிரிவு வீரர் ஒருவரின் பெயரைப் பல நாடுகளின் சிறுவர்கள் அறிந்துகொண்டது இப்படித்தான். "மிருகம்" என்ற பட்டப்பெயரை அவரே ஏற்று, அதன் பெயரால் ஆடை வணிகம் ஒன்றையும் தொடங்கினார். மேலோட்டமாகப் பார்த்தால் இது விளம்பர மோகமாகத் தோன்றலாம். ஆனால் அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்று தெரியாத ஒருவர், கால்பந்துக்கு வெளியே வருமானத்துக்கு வழி தேடியதை அவ்வாறு எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

தொலைக்காட்சியில் ஒரு வேலை விண்ணப்பம்

2014ஆம் ஆண்டில் அவர் ஏ.எஃப்.சி. விம்பிள்டனில் சேர்ந்தார். பழைய விம்பிள்டன் கழகம் மில்டன் கீன்ஸ் நகருக்கு இடம்பெயர 2002இல் அனுமதிக்கப்பட்டபோது, அதை ஏற்க மறுத்த ஆதரவாளர்கள் உருவாக்கிய கழகம் அது. 2015 ஜனவரி 5ஆம் தேதி எஃப்.ஏ. கோப்பை ஆட்டமொன்றில் லிவர்பூல் அங்கு ஆட வந்தது. தான் சிறுவயதிலிருந்து ஆதரித்துவந்த அணிக்கு எதிராக அகின்ஃபென்வா கோல் அடித்தார். லிவர்பூலின் அணித்தலைவர் ஸ்டீவன் ஜெரார்ட் அடித்த இரு கோல்களால் விம்பிள்டன் 2-1 என்று தோற்றது.

2016 மே 30ஆம் தேதி, லண்டன் வெம்ப்ளி அரங்கில், லீக் டூ பிளே-ஆஃப் இறுதியாட்டத்தில் பிளிமத் ஆர்கைல் அணியை விம்பிள்டன் 2-0 என்று வென்று மேல் பிரிவுக்கு உயர்ந்தது. ஆட்டத்தின் இறுதித் தருணங்களில் பெனால்டி உதை மூலம் இரண்டாம் கோலை அடித்தவர் அகின்ஃபென்வா. ஆட்டம் முடிந்ததும் தொலைக்காட்சி நேரலையில், தான் இப்போது வேலையற்றவன் என்றும், விரும்பும் மேலாளர்கள் வாட்ஸ்அப்பில் தொடர்புகொள்ளலாம் என்றும் அவர் கூறினார்.

பார்த்தவர்கள் சிரித்தனர். ஆனால் அவர் கூறியது உண்மை. அவரது ஒப்பந்தம் முடிவடைந்திருந்தது. வயது 34. கழகத்தை மேல் பிரிவுக்கு உயர்த்திய கோலை அடித்தவரே, அந்த மேல் பிரிவில் அக்கழகத்துக்காக ஆடப்போவதில்லை.

வைகோம்ப்: ஒரு நிலையான இடம்

அந்த அழைப்புக்குச் செவிசாய்த்தவர் வைகோம்ப் வான்டரர்ஸ் கழகத்தின் மேலாளர் கேரத் எய்ன்ஸ்வர்த். லண்டனுக்கு வடமேற்கே உள்ள ஹை வைகோம்ப் என்ற சிறுநகரின் கழகம் அது. 2014ஆம் ஆண்டில், பருவத்தின் கடைசி நாளில், கோல் வித்தியாசத்தால் மட்டுமே நான்காம் பிரிவிலிருந்து வெளியேற்றப்படாமல் தப்பியிருந்தது.

அங்கு அகின்ஃபென்வா ஆறு ஆண்டுகள் ஆடினார். 2018இல் வைகோம்ப் லீக் ஒன்னுக்கு உயர்ந்தது. 2020 மார்ச்சில் கோவிட் பெருந்தொற்றால் ஆட்டங்கள் நிறுத்தப்பட்டபோது அது எட்டாம் இடத்தில் இருந்தது. ஆட்டத்துக்குச் சராசரிப் புள்ளி என்ற அடிப்படையில் பட்டியல் மீண்டும் கணக்கிடப்பட்டதும் மூன்றாம் இடத்துக்கு முன்னேறி, பிளே-ஆஃப் வாய்ப்பைப் பெற்றது. பார்வையாளர்களற்ற வெம்ப்ளியில் ஆக்ஸ்ஃபோர்ட் யுனைட்டெட் அணியை 2-1 என்று வென்று, தன் வரலாற்றில் முதன்முறையாக இரண்டாம் பிரிவை எட்டியது. இம்முறை தன்னை வாட்ஸ்அப்பில் தொடர்புகொள்ளக்கூடிய ஒரே மேலாளர் லிவர்பூலின் யூர்கன் கிளாப் மட்டுமே என்று அகின்ஃபென்வா நகைச்சுவையாகக் குறிப்பிட்டார். கிளாப் வாழ்த்துச் செய்தியைக் காணொளியாக அனுப்பினார்.

அதே காலத்தில் கீழ்நிலைக் கழகங்களின் பொருளாதாரம் மீண்டும் ஆட்டம் கண்டது. 2019 ஆகஸ்டில் பரி கழகம் நிதிச் சிக்கலால் லீக்கிலிருந்து வெளியேற்றப்பட்டிருந்தது. 2020 ஆகஸ்டில் லீக் ஒன் கழகங்கள் ஆண்டுக்கு 25 லட்சம் பவுண்டுகள், லீக் டூ கழகங்கள் 15 லட்சம் பவுண்டுகள் என்று மொத்த ஊதியச் செலவுக்கு உச்சவரம்பு விதித்தன. வீரர் சங்கம் இதை நடுவர் மன்றத்துக்கு எடுத்துச் சென்று வென்றது. 2021 பிப்ரவரியில் அந்த விதி விலக்கிக்கொள்ளப்பட்டது. கழகங்கள் பிழைத்திருக்கச் செலவைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பதும், அந்தச் சுமை முழுவதும் வீரர்களின் தோளில் ஏற்றப்படலாகாது என்பதும் நியாயமான வாதங்களே. அவற்றுக்கிடையே இணக்கம் காண்பது எளிதாக இல்லை.

சாம்பியன்ஷிப் பிரிவில் தன் 38ஆம் வயதில் அகின்ஃபென்வா ஆடினார். ஒரே ஒரு புள்ளி குறைந்ததால் 2021இல் வைகோம்ப் கீழிறங்கியது. மறுஆண்டு மீண்டும் பிளே-ஆஃப் இறுதியாட்டத்துக்கு வந்தது. 2022 மே 21ஆம் தேதி, நாற்பது வயது நிறைந்து பதினொரு நாட்களான நிலையில், வெம்ப்ளியில் தன் அணி சன்டர்லேண்டிடம் 2-0 என்று தோற்றதோடு அவரது ஆட்ட வாழ்க்கை நிறைவடைந்தது.

வழக்கம்போல அந்த மே மாதத்திலும் 72 கழகங்கள் தங்கள் பட்டியல்களை வெளியிட்டன. விடுவிக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோருக்கு நேரலையில் வேலை கேட்கும் வாய்ப்பு கிடைப்பதில்லை. அகின்ஃபென்வா ஓய்வை முன்னரே அறிவித்திருந்ததால், ஜூன் மாதத்தில் புதிய கழகத்தைத் தேட வேண்டிய தேவை அவருக்கு அந்த ஆண்டு இருக்கவில்லை.