பந்தும் புத்தகமும்: நீண்டகால இலக்குக்கு நம் வரலாறு சொல்லும் பாடம்



புத்தாண்டு பிறந்தால் போதும், அலைபேசி முழுக்க இலக்குகள்தான். தொண்ணூறு நாளில் உடலை மாற்றுங்கள் என்கிறார் ஒருவர். ஐந்தாண்டுத் திட்டம் எழுதுங்கள் என்கிறார் இன்னொருவர். விடிகாலை 5 மணிக்கு எழுந்தால் வெற்றி உறுதி என்கிறார் மற்றொருவர். இவர்கள் யாரும் ஒன்றை மட்டும் சொல்வதில்லை. நாளைய பொழுது தன் கையில் இருக்கிறவரால்தான் நாளைக்குத் திட்டம் போட முடியும். நாளைக்கு வேலைக்குக் கூப்பிடுவார்களா என்று இரவு வரை தெரியாத வீட்டில் ஐந்தாண்டுத் திட்டம் எங்கிருந்து வரும்?

அதற்காக இலக்கே நமக்கு வேண்டாம் என்று ஆகிவிடாது. நாளைய பொழுது தம் கையில் இல்லாத காலத்திலும் நம் முன்னோர் நீண்ட இலக்கு வைத்தார்கள், அதற்காக உடலையும் மனத்தையும் ஆண்டுக்கணக்கில் பழக்கினார்கள். அவர்களில் இருவரைப் பற்றி இங்கே பேசுகிறோம். ஒருவர் கிரிக்கெட் வீரர் பல்வங்கர் பாலு. மற்றவர் நம் அண்ணல் அம்பேத்கர்.

நேரம் யாருடையது?

சாதி நம்மிடமிருந்து நிலத்தையும் நீரையும் மட்டும் பறிக்கவில்லை, நேரத்தையும் பறித்தது. மகாராஷ்டிரத்தில் இருந்த மகார் வதன் முறை இதற்குத் தெளிவான சாட்சி. கிராமத்தில் சிறு துண்டு நிலமும் கொஞ்சம் தானியமும் கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாக மகார் குடும்பத்தை இரவு பகல் பாராமல் ஊர் வேலைக்கும் அரசு வேலைக்கும் கூப்பிடுவார்கள். வேலைக்குரிய ஆள் வீட்டில் இல்லையென்றால் குடும்பத்தில் வேறொருவர் போக வேண்டும். 24 மணி நேரமும் அடுத்தவருக்குச் சொந்தம். அண்ணல் 1928-ல் பம்பாய் சட்டமன்றத்தில் இந்த முறையைத் திருத்த ஒரு மசோதா கொண்டுவந்தார். அது அப்போது நிறைவேறவில்லை. ஆனால் அந்த மசோதாவின் உயிர் எது என்று பாருங்கள்: என் நேரம் என்னுடையது என்ற உரிமை.

உடற்பயிற்சிக்கும் இதே கதைதான். தினமும் நடங்கள் என்கிறார்கள். எந்தத் தெருவில் நடப்பது? பொதுத் தெருவிலும் பொதுக் கிணற்றிலும் எந்த வகுப்பினருக்கும் தடை இருக்கக் கூடாது என்று இரட்டைமலை சீனிவாசன் 1924-ல் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்ற வேண்டியிருந்தது. காலை நடைக்குப் பின்னால் இப்படி ஒரு போராட்டம் இருக்கிறது.

உழைத்த உடலும் பயின்ற உடலும்

"நாள் முழுக்க உழைக்கிறவனுக்கு எதுக்குத் தம்பி உடற்பயிற்சி?" களப்பணியில் நாம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்வி. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. உழைப்பில் உடல் அடுத்தவர் கணக்கில் தேய்கிறது. பயிற்சியில் உடல் நம் கணக்கில் வளர்கிறது. ஒன்றை மற்றொன்றாக மாற்றிக் காட்டியவர் பாலு.

அவர் 1876-ல் தார்வாடில் சமார் சமூகத்தில் பிறந்தார். பூனாவில் பார்சிகள் நடத்திய ஒரு கிரிக்கெட் மன்றத்தில் ஆடுகளத்தைப் பெருக்கி உருளை இழுப்பதுதான் முதல் வேலை. மாதச் சம்பளம் 3 ரூபாய். 1892 வாக்கில் ஐரோப்பியர்களின் பூனா மன்றத்துக்கு மாறினார். அங்கே 4 ரூபாய். களத்துக்குக் கோடு போட வேண்டும், வலை கட்ட வேண்டும், வெள்ளைக்கார அதிகாரிகள் மட்டை பிடித்துப் பழக அவர்களுக்குப் பந்து வீச வேண்டும். மணிக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் வீசினார். ஒரு நாளும் அவர் கையில் மட்டையைக் கொடுக்கவில்லை. மட்டை பிடிப்பது எசமானர்களின் வேலை, வியர்க்க வீசுவது இவர் வேலை.

அந்த ஏவல் வேலையைத்தான் பாலு தன் பயிற்சியாக ஆக்கிக்கொண்டார். இடது கைச் சுழற்பந்தில் அவருக்கு நிகர் அன்று இந்தியாவில் இல்லை. பூனா இந்துக்கள் அணி வெள்ளையரை வெல்ல ஆசைப்பட்டபோது அவரை அழைத்தே தீர வேண்டியிருந்தது. களத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் மட்டும் அவருக்கு வெளியே தனியாக, மண் குவளையில்.

பின்னர் பம்பாய்க்குப் போனார். 1906-ல் இந்துக்கள் அணி ஐரோப்பியர் அணியை 109 ஓட்டங்களில் வென்றபோது பாலுவும் தம்பி சிவராமும் அதில் ஆடினார்கள். 1911-ல் இந்திய அணி இங்கிலாந்து சென்றது. அப்போது பாலுவுக்கு வயது 35. அணி தோற்றுக்கொண்டே இருந்தது, அவர் மட்டும் அந்தப் பயணத்தில் 114 விக்கெட் எடுத்தார். உருளை இழுக்கப் போன பையன் அங்கே வந்து சேர ஏறத்தாழ 20 ஆண்டு ஆயிற்று. 90 நாள் திட்டம் அல்ல அது.

ஆனால் திறமை மட்டும் சாதியை வெல்லாது என்பதையும் அவர் வாழ்க்கையே சொல்கிறது. அணியின் தலைமை அவருக்கு ஒருபோதும் தரப்படவில்லை. 1920-ல் அவரை அணியிலிருந்தே விட்டார்கள். தம்பிகள் விட்டலும் சிவராமும் அதைக் கண்டித்து விலகினார்கள். பிறகுதான் பாலு துணைத் தலைவராகத் திரும்ப அழைக்கப்பட்டார். 1923-ல் விட்டல் அந்த அணியின் தலைவரானார். அண்ணனுக்கு மறுக்கப்பட்டது தம்பி காலத்தில் கிடைத்தது. இதுவும் ஒரு நீண்டகால இலக்குதான். ஒரு ஆளின் ஆயுளில் முடியாதது அடுத்தவர் தோளுக்கு மாறியது.

நின்றாலும் கைவிடாத இலக்கு

மாணவராக இருந்த காலத்தில் பாலுவைப் பெரிதும் மதித்தவர்களில் ஒருவர் அம்பேத்கர். அவருடைய களம் புத்தகம். 1913-ல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். 1915-ல் முதுகலை முடித்து, 1916-ல் லண்டன் போனார். பொருளாதாரத்தில் உயர் பட்டம், கூடவே வழக்கறிஞர் படிப்பு என்பது திட்டம். 1917-ல் உதவித்தொகை நின்றது. பாதியில் திரும்பினார். அவர் அனுப்பிய புத்தகங்கள் வந்த கப்பல் உலகப் போரில் மூழ்கியது. பரோடாவில் வேலைக்குப் போனால் தங்க இடம் இல்லை. சாதி தெரிந்ததும் விடுதியிலிருந்து விரட்டினார்கள்.

நம்மில் எத்தனை பேர் இந்த இடத்தில் படிப்பை விட்டிருப்போம்! யாரையும் குறை சொல்ல இதைக் கேட்கவில்லை. நம் மாணவர்கள் படிப்பை விடுவது பெரும்பாலும் இப்படி ஒரு இடத்தில்தான். பணம் நிற்கும், விடுதியில் அவமானம் நேரும், வீட்டிலிருந்து கூப்பிடுவார்கள்.

அண்ணல் செய்தது எளிமையானது, கடினமானதும்கூட. இலக்கை மாற்றவில்லை, தேதியைத்தான் மாற்றினார். நான்கு ஆண்டுக்குள் திரும்பி வந்து படிப்பைத் தொடரலாம் என்ற அனுமதியை லண்டனில் முன்பே வாங்கியிருந்தார். 1918-ல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். சம்பளத்தில் மிச்சம் பிடித்தார். கோலாப்பூர் ஷாகு மகராஜ் உதவினார், நண்பர் நவல் பதேனா கடன் கொடுத்தார். 1920-ல் மீண்டும் லண்டன். 1923-ல் டி.எஸ்சி. பட்டம். பத்தாண்டு ஆனது, நடுவில் மூன்றாண்டு முட்டுக்கட்டை. ஆனாலும் முடித்தார்.

அவருடைய அரசியல் இலக்கும் இப்படித்தான் நகர்ந்தது. 1935 அக்டோபர் 13 அன்று இயோலாவில், இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்தார். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் பௌத்தம் ஏற்றார். நடுவே 21 ஆண்டும் ஒரு நாளும். அந்த ஆண்டுகளில் அவர் சும்மா காத்திருக்கவில்லை. மதங்களை ஆராய்ந்தார். கட்சிகள் தொடங்கினார். 1946-ல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தார், பிறகு அவுரங்காபாதில் கல்லூரி கட்டினார். அரசியலமைப்பின் வரைவுக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். ஒரு முடிவுக்கு வருவதற்கும் அதற்கு மக்களை ஆயத்தப்படுத்துவதற்கும் அவ்வளவு காலம் பிடிக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இந்தப் பாதையில் ஒருமுறை இருவரும் எதிரெதிரே நின்றார்கள். 1937-ல் பம்பாய் சட்டமன்றத் தேர்தலில் அண்ணலுக்கு எதிராகக் காங்கிரஸ் நிறுத்தியது பாலுவைத்தான். அண்ணல் 13,245 வாக்குகள், பாலு 11,225. மண் குவளையில் தேநீர் குடித்தவரையே, பொதுக் குளத்துத் தண்ணீருக்குப் போராடியவருக்கு எதிராக நிறுத்த ஒரு பெரிய கட்சியால் முடிந்தது. தனி மனிதரின் உயர்வுக்குப் பின்னால் நம்முடைய அமைப்பு இல்லையென்றால் அந்த உயர்வை வேறு யாராவது பயன்படுத்திக்கொள்வார்கள்.

உடல் கேட்ட விலை

இனி நாம் அதிகம் பேசாத ஒன்று. அண்ணலின் உடல்.

லண்டனில் அரை வயிற்றோடு நூலகத்தில் நாளைக் கழித்த காலம் தொடங்கி, தூக்கத்தையும் உணவையும் வேலைக்குக் கொடுத்தே வாழ்ந்தார். 1940-களில் நீரிழிவு, கால் நரம்பு வலி, தூக்கமின்மை எல்லாம் சேர்ந்துகொண்டன. அரசியலமைப்பு வரைவு உருவான 1948-ல் வலி கடுமையாக இருந்தது. அந்த ஏப்ரலில் அவரை மணந்தவர் மருத்துவர் சாரதா கபீர், பின்னாளில் நாம் அறிந்த சவிதா அம்பேத்கர். 1951-ல் பிரதமர் நேருவுக்கு எழுதியபோது, உடல்நிலை கவலை தருகிறது, நீண்ட சிகிச்சைக்குப் போகுமுன் இந்துச் சட்ட மசோதாவை முடித்துவிட வேண்டும் என்று கேட்டிருந்தார். மசோதா முடியவில்லை. செப்டம்பரில் பதவி விலகினார்.

நாக்பூர் நிகழ்வுக்குப் பின் எட்டு வாரம்கூட ஆகவில்லை. 1956 டிசம்பர் 6 அன்று மறைந்தார். வயது 65. 'புத்தரும் அவர் தம்மமும்' அடுத்த ஆண்டுதான் அச்சில் வந்தது. மதமாற்றத்துக்குப் பின் செய்ய வேண்டியவை அனைத்தும் அப்படியே நின்றன.

இதை அவருடைய கவனக்குறைவு என்று எழுதினால் அது அநியாயம். சட்டம், பத்திரிகை, கல்லூரி, கட்சி, மதம் என்று ஒரு சமூகத்தின் சுமை முழுக்க ஒரே உடலின் மேல் ஏறியிருந்தது. பகிர்ந்துகொள்ளப் படித்த ஆட்கள் அன்று குறைவு. இன்று அப்படி அல்ல. அவர் திறந்த கதவு வழியே வந்தவர்கள் நாம் இத்தனை பேர் இருக்கிறோம். ஆனாலும் ஒவ்வொரு ஊரிலும் ஒரே ஒரு தோழர் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் மருத்துவமனைக்கும் ஓடுகிறார். டீயும் பன்னும்தான் மதியச் சாப்பாடு. நாற்பதில் சர்க்கரை, ஐம்பதில் நெஞ்சு வலி. பிறகு அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டுகிறோம்.

நாம் என்ன எடுத்துக்கொள்வது?

முதலில், இலக்கை எழுதுங்கள், ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள். தடை வந்தால் ஆண்டை அடித்துத் திருத்துங்கள், இலக்கை அடிக்காதீர்கள்.

இரண்டாவது, உடம்பைப் போராட்டத்தின் பொதுச் சொத்தாகக் கருதுங்கள். வாரத்தில் சில நாள் கபடியோ ஓட்டமோ நடையோ எதுவானாலும் சரி. உடற்பயிற்சிக்கூடத்துக்குக் கட்ட பணம் வேண்டியதில்லை. ஊர்த் தெருவும் பள்ளி மைதானமும் நம்முடையவை, போராடிப் பெற்றவை. பெண் தோழர்களுக்கும் அந்த மைதானத்தில் இடமும் நேரமும் ஒதுக்கப்பட வேண்டும். இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் பார்க்கலாம். இயக்கக் கூட்டத்துக்குத் தேதி குறிப்பதைப் போல அதற்கும் ஒரு தேதி குறியுங்கள்.

மூன்றாவது, உங்கள் வேலையை உங்களுக்குப் பிறகு செய்யப்போகிறவரை இப்போதே உடன் வைத்துப் பழக்குங்கள். மனு எழுத, வழக்கைத் தொடர, மாலை வகுப்பு எடுக்க இரண்டாவது ஆள் இருந்தால்தான் முதல் ஆள் இரவில் தூங்க முடியும்.

சாதி ஒழிப்பு என்ற இலக்கு எவருடைய ஆயுளையும்விட நீளமானது. அதனால்தான் ஒவ்வொருவர் ஆயுளும் நீள வேண்டும், அதைச் சுமக்கும் தோள்களும் பலவாக வேண்டும். இந்த வாரக் கூட்டத்தில் இரண்டு கேள்விகளை முன்வையுங்கள். பத்தாண்டு கழித்து நம் ஊர் எப்படி இருக்க வேண்டும்? அதைப் பார்க்க நம்மில் அத்தனை பேரும் நலமாக இருக்க இன்றைக்கு எதை மாற்ற வேண்டும்?