கொயினாவும் சம்மதமும்

பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே நெல்லியாம்பதி, பரம்பிக்குளம், ஆனைமலை என்று எழுந்து செல்லும் மலைத்தொடர், மூணாற்றையும் மறையூரையும் தேவிகுளத்தையும் தழுவி நிற்கின்றது. இன்று அங்கே செல்வோர் தேயிலையின் பசுமையையும் மூடுபனியையும் கண்டு மகிழ்வர். நம் பாட்டனார் காலத்தவரோ அம்மலைகளின் பெயரைக் கேட்டவுடன் காய்ச்சலைத்தான் நினைத்தனர். ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர்நடுக்கத்துடன் வந்து உடலை முறித்துப்போடும் மலைக்காய்ச்சல் அது. அதற்கு மருந்து கொயினா. வால்பாறைக்கு அருகே சின்கோனா என்றே பெயர் பெற்ற ஓர் ஊர் இன்றும் உண்டு. அரசாங்கம் அம்மரத்தை அங்கே பயிரிட்டதனால் வந்த பெயர் அது. மரம் போய்த் தேயிலை வந்துவிட்டது. பெயர் மட்டும் போகவில்லை.

இம்மருந்தின் வரலாற்றை நாம் இங்கே எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. மருந்து விற்பவர், மருந்தைச் சோதிப்பவர், மருந்தை விழுங்குபவர் ஆகிய மூவருக்கும் இடையே உள்ள கடமை யாது என்னும் கேள்வி, நம் நாட்டில் மிகப் பெரிய அளவில் எழுந்த இடங்களுள் ஒன்று கொயினாவின் கதை. அக்காலத்தில் அக்கேள்வியை எவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை என்பதும் அக்கதையின் ஒரு பகுதியே.

1820-ஆம் ஆண்டு பாரிஸ் நகரத்து மருந்தாளுநர்களான பெல்லெத்தியே, காவாந்து என்னும் இருவர் சின்கோனாப் பட்டையிலிருந்து கொயினா உப்பைப் பிரித்தெடுத்தனர். மருத்துவப் பேராசிரியர்கள் அல்லர். மருந்து இடித்தும் வடித்தும் பழகியவர்கள். தம் முறையைத் தனியுரிமையாக்கிக் கொள்ளாமல் உலகறிய வெளியிட்டனர். மருந்துத் தொழிலின் அறத்தைப் பற்றிப் பேசும்பொழுது இதனை மறத்தல் ஆகாது.

நாற்பது ஆண்டுகள் சென்றபின், தென் அமெரிக்காவிலிருந்து கிளமெண்ட்ஸ் மார்க்கம் தலைமையில் கொணரப்பட்ட சின்கோனா 1860, 1861 ஆண்டுகளில் உதகமண்டலத்தை அடைந்தது. அங்கே மக்கைவர் என்பவர் அதனைப் பேணி வளர்த்தார். ஆனால் நீலகிரியில் செழித்து வளர்ந்த செம்பட்டை மரத்தில் கொயினா குறைவு. சின்கோனிடின் முதலிய அதன் உடன்பிறப்புகளே மிகுதி. விலை உயர்ந்த கொயினாவுக்குப் பதிலாக இவற்றைக் கொடுத்தால் காய்ச்சல் தணியுமா? தணியுமானால் ஏழைகளுக்கும் மருந்து எட்டும். கேள்வி நியாயமானதுதான்.

விடை காண்பதற்காகச் சென்னை அரசாங்கம் 1866-இல் ஒரு குழுவை அமைத்தது. அரசாங்க வைத்தியர்கள் தம்மிடம் வந்த முறைக்காய்ச்சல் நோயாளிகளுக்கு நான்கு உப்புகளையும் கொடுத்து, கண்டதை எழுதி அனுப்ப வேண்டுமென்று பணிக்கப்பட்டனர். மொத்தம் 2,472 பேர். கொயினா பெற்றவர் 846, குவினிடின் பெற்றவர் 664, சின்கோனின் பெற்றவர் 559, சின்கோனிடின் பெற்றவர் 403. காய்ச்சல் தீராதவர் 27 பேர் மட்டுமே. சின்கோனின் சற்றுப் பின்தங்கியது. ஏனைய மூன்றும் ஏறத்தாழ ஒரே தரமாக நின்றன. மருத்துவமே இன்றி விடப்பட்ட ஒரு பிரிவு இக்கணக்கில் இல்லை. எல்லோருக்கும் ஏதேனும் ஒரு மருந்து கிடைத்தது. அந்த அளவில் அது இரக்கமற்ற சோதனை அன்று என்று நாம் ஒப்புக்கொள்ளலாம்.

ஆயினும் கணக்கில் ஒரு கட்டம் காலியாகவே கிடக்கின்றது. எத்தனை பேருக்கு எது கொடுத்தோம், எத்தனை பேர் தேறினர் என்பது உண்டு. எத்தனை பேரைக் கேட்டோம் என்பது இல்லை. நோயாளியின் சம்மதம் என்பதைக் கணக்கில் சேர்க்கத்தக்க பொருளாகவே அக்காலம் கருதவில்லை. அதனால் என்ன கெட்டது என்று கேட்போருக்கு 1918-ஆம் ஆண்டு ஒரு விடை வந்தது. குவினிடின் இதயத் துடிப்பின் ஒழுங்கை மாற்றவல்லது என்று அவ்வாண்டில் ஐரோப்பாவில் கண்டறிந்து, அதனையே இதய மருந்தாகவும் கொண்டனர். துடிப்பைச் சீராக்கும் அம்மருந்தே அளவு மீறினால் அதனைக் கெடுக்கவும் கூடும். இச்செய்தி கொடுத்த வைத்தியருக்கும் தெரியாது. வாங்கி விழுங்கிய 664 பேருக்கும் தெரியாது. தெரியாத இடத்தில் இருவரும் நிற்கையில், ஒருவர் மட்டும் உடலைக் கொடுத்தார்.

கொயினா மலிவானபின் வேறொரு கேடு வந்தது. வங்காளத்தில் 1892 முதல் தபால் நிலையங்களிலேயே சிறு பொட்டலங்களாக அதனை விற்றனர். தபால் அதிகாரியே மருந்துக்கடைக்காரர் ஆனார்! அது நல்ல ஏற்பாடு. ஆனால் தனிக் கடைகளில் விற்ற கொயினாவில் கலப்படம் புகுந்தது. குறை கூறுவோர் பெருகவே, 1930-இல் கர்னல் ஆர். என். சோப்ரா தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. அந்நாளில் எவரும் பயிற்சியின்றி மருந்துக்கடை வைக்கலாம். கம்பவுண்டர் என்ற பெயர் எவருக்கும் எளிது. குழுவின் உழைப்பினால் 1940-இல் மருந்துச் சட்டமும், 1948-இல் மருந்தாளுநர் சட்டமும் பிறந்தன. இவ்வாறு, தராசு பிடிப்பவருக்குச் சட்டம் வந்தது. சோதிப்பவருக்கு வரவேண்டிய கட்டுப்பாடு இன்னும் பல ஆண்டுகள் காத்திருந்தது. நியூரம்பெர்க் நெறிகள் 1947-இலும், ஹெல்சிங்கி அறிக்கை 1964-இலும் வெளிவந்தன. நம் நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் விரிவான நெறிமுறைகளை 2000-இல் வெளியிட்டது.

அந்த 2000-ஆம் ஆண்டை ஒட்டியே திருவனந்தபுரத்துப் புற்றுநோய் நிலையத்தில், வாய்ப்புற்று நோயாளிகள் இருபதுக்கும் மேற்பட்டோருக்கு ஒரு புதிய இரசாயனம் சோதனையாகச் செலுத்தப்பட்டிருந்தது. ஆராய்ச்சியில் பங்குகொண்டவர் பணியாற்றிய அமெரிக்கப் பல்கலைக்கழகம், தன் முன் அனுமதி பெறப்படவில்லை என்றும், விலங்குகளில் நடந்த பாதுகாப்புச் சோதனை போதாது என்றும் 2001-இல் அறிவித்தது. 1866-க்கும் இதற்கும் இடையே நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல்!

2019-ஆம் ஆண்டின் விதிகள் தெளிவானவை. நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்கம் தர வேண்டும். படிக்கத் தெரியாதவர் எனில் நடுநிலையான சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். ஆய்வை மேற்பார்க்கும் நெறிமுறைக் குழுவில் மருத்துவர், சட்டம் அறிந்தவர், பொதுமகன் ஆகியோருக்கு இடம் உண்டு. ஊர் மருந்துக்கடைக்காரருக்கென்று ஓர் ஆசனத்தை விதி ஒதுக்கவில்லை. இது குறை என்றே நாம் எண்ணுகிறோம். ஏனெனில் மலையாளம் ஆட்சிமொழியாகவும் தமிழ் வீட்டுமொழியாகவும் உள்ள சித்தூர், கொழிஞ்சாம்பாறை, மூணாறு, மறையூர்ப் பகுதிகளில், தோட்டத்திலிருந்து இறங்கிவரும் தொழிலாளி தன் கையிலுள்ள தாளை முதலில் நீட்டுவது பெரும்பாலும் மருந்துக்கடையில்தான். "இதிலே என்ன எழுதியிருக்கிறது, அண்ணா?" என்று கேட்பதும் அங்கேதான்.

அக்கடைக்காரருக்குக் கைவசம் ஒரு வழி உண்டு. 2010-இல் தொடங்கிய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின்படி, மருந்தினால் நேர்ந்த தீங்கை மருந்தாளுநரே எழுதி அனுப்பலாம். நோயாளி தாமே எழுதுவதற்கான படிவம் தமிழிலும் மலையாளத்திலும் உண்டு. கடையில் பத்துப் படிவங்களை வாங்கி வைப்பதற்குச் செலவு ஏதும் இல்லை. மேசை இழுப்பறையில் இடம் இருந்தால் போதும்.