அந்தரங்க உரிமை (இந்தியா)

ஒருவருடைய வீடு, உடல், கடிதம், தொலைபேசிப் பேச்சு, சொந்த விவரங்கள் ஆகியவற்றில் அரசோ பிறரோ தக்க காரணமின்றித் தலையிடாதிருக்கக் கோரும் உரிமை அந்தரங்க உரிமை எனப்படும். இந்திய அரசமைப்புச் சட்டத்தில் இதற்கெனத் தனிப் பிரிவு கிடையாது. உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் காப்பளிக்கும் 21ஆம் பிரிவிலிருந்து நீதிமன்றங்களே இதை வருவித்தன. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு இதை அடிப்படை உரிமை என ஒருமனதாக அறிவித்தது. ஆதார், கைப்பேசி ஒட்டுக்கேட்பு, சமூக ஊடகக் கட்டுப்பாடு பற்றி இன்று எழும் வழக்குகள் அந்தத் தீர்ப்பை நம்பியே நடக்கின்றன. அதற்கு வழி அமைத்தவை கணினிக் காலத்துக்கு முந்திய வழக்குகள்.

முன்வரலாறு

பிரிட்டிஷ் இந்திய நீதிமன்றங்களுக்கு அந்தரங்கம் முதலில் ஜன்னல் தகராறாகத்தான் வந்தது. புதிதாக வீடு கட்டுபவர் பக்கத்து வீட்டுப் பெண்கள் புழங்கும் பகுதி தெரியும்படி ஜன்னலோ தாழ்வாரமோ வைத்தால் தடுக்க முடியுமா என்பதே கேள்வி. குஜராத் பகுதியில் அப்படியொரு வழக்காறு இருப்பதைப் பம்பாய் உயர் நீதிமன்றம் ஏற்றது. சென்னை உயர் நீதிமன்றம் 1860களில் ஏற்க மறுத்துவிட்டது. பெண்கள் பிறர் பார்வையில் படாமல் வாழும் கோஷா முறை வழங்கிய வடமேற்கு மாகாணங்களில் இது செல்லத்தக்க உரிமையே என 1888இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் கூறியது. அமெரிக்காவில் வழக்கறிஞர்கள் வாரன், பிராண்டைஸ் இருவரும் ஹார்வர்டு சட்ட இதழில் அந்தரங்க உரிமை பற்றிய தங்கள் புகழ்பெற்ற கட்டுரையை எழுதியது 1890இல். அந்தரங்கம் மேலைநாட்டு இறக்குமதி என்று பேசுவோர் இந்த இரண்டாண்டு முந்துதலைக் கவனிப்பதில்லை.

அண்டைவீட்டாரிடமிருந்து கிடைத்த இந்தக் காப்பு அரசிடமிருந்து கிடைக்கவில்லை. 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம் செய்திகளை இடைமறிக்கவும், 1898ஆம் ஆண்டின் அஞ்சலகச் சட்டம் கடிதங்களைத் தடுத்து வைக்கவும் அரசுக்கு அதிகாரம் தந்தன. விடுதலைக்குப் பிறகும் இரண்டு சட்டங்களும் அப்படியே தொடர்ந்தன.

அரசமைப்பு நிர்ணய சபையில் இதை மாற்றும் வாய்ப்பு வந்தது. 1947 மார்ச்சில் கே.எம். முன்ஷி தயாரித்த வரைவில் இல்லத்தின் மீறப்படாமையும் கடிதப் போக்குவரத்தின் மறைவும் உரிமைகளாக இடம்பெற்றன. காரணமற்ற சோதனைக்கு எதிரான காப்பை அம்பேத்கரும் தம் வரைவில் சேர்த்திருந்தார். சென்னை மாகாண அட்வகேட் ஜெனரலாக இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் இவற்றை எதிர்த்தார். கடிதங்களுக்கு இப்படிப் பாதுகாப்புத் தந்தால் உரிமையியல் வழக்குகளில் அவற்றைச் சான்றாகக் காட்ட முடியாமல் போகும் என்பது அவர் வாதம். காவல்துறையின் புலனாய்வு தடைப்படும் என்றார் அரசமைப்பு ஆலோசகர் பி.என். ராவ். ஆலோசனைக் குழு இரண்டையும் கைவிட்டது. அந்த ஏப்ரலில் சபை உறுப்பினர் சோம்நாத் லாஹிரி கடித மறைவை மீண்டும் முன்மொழிந்தார், யாரும் பொருட்படுத்தவில்லை. 1948 டிசம்பரில் காரணமற்ற சோதனைக்கு எதிராகக் காஜி சையத் கரிமுதீன் கொண்டுவந்த திருத்தத்தில் பயன் இருக்கிறது என்று அம்பேத்கரே சொல்லியும் அது தோற்றது.

கதவைத் தட்டிய காவலர்கள்

டால்மியா குழும நிறுவனங்களில் நடந்த சோதனைகள் பற்றிய எம்.பி. சர்மா வழக்கில் (1954), காரணமற்ற சோதனையைத் தடுக்கும் அமெரிக்க அரசமைப்பின் நான்காம் திருத்தம் போன்றதொரு உரிமையை இந்திய அரசமைப்பில் வலிந்து புகுத்த முடியாது என 8 நீதிபதிகள் கூறினர். அடுத்து வந்தது கரக் சிங் வழக்கு. உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த கரக் சிங் 1941இல் ஒரு கொள்ளை வழக்கில் பிடிபட்டு, சான்று இல்லாததால் விடப்பட்டவர். ஆனாலும் காவல்துறை அவரைக் கண்காணிக்க அவர் பெயரில் சரித்திரப் பதிவேடு திறந்தது. ஊர்ச் சவுக்கிதாரும் காவலர்களும் இரவில் வந்து வாசலில் நின்று கூவி அழைப்பார்கள். கதவைத் தட்டி எழுப்புவார்கள். சில நாள் உள்ளேயும் வருவார்கள். வெளியூர் போவதென்றால் எங்கே போகிறார், எப்போது திரும்புவார் என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். அவர் போய்ச் சேரும் ஊரின் காவல் நிலையத்துக்கும் தகவல் போகும். இவை அனைத்துக்கும் மாநிலக் காவல் விதி 236 இடமளித்தது.

1962 டிசம்பரில் வந்த பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி என். ராஜகோபால ஐயங்கார். இரவில் வீடு புகுவதை மட்டும் அவர் செல்லாததாக்கினார். நடமாட்டத்தைக் கண்காணிப்பது உள்ளிட்ட மற்றவை தப்பின. அந்தரங்கம் என்பது அரசமைப்பு உறுதிசெய்த உரிமை அல்ல என்றும் எழுதினார். அந்தரங்கமே உரிமை இல்லையென்றால் இரவில் கதவைத் தட்டுவது மட்டும் ஏன் தவறு என்பதற்குத் தீர்ப்பில் பொருத்தமான விடை இல்லை. ஒவ்வோர் அசைவும் கவனிக்கப்படுகிறது என்று அறிந்தவன் சுதந்திரமாக நடமாடுபவன் ஆகான் என்ற நீதிபதி கே. சுப்பா ராவின் மறுப்புத் தீர்ப்பே சரியானது. காலமும் அவர் பக்கம்தான் நின்றது. கோவிந்த் வழக்கில் (1975) நீதிபதி கே.கே. மாத்யூ அந்தரங்க உரிமை உண்டு என்று வைத்துக்கொண்டு பேசினார். ஆனால் கண்காணிப்பு விதிகளை அவரும் நீக்கவில்லை. சரித்திரப் பதிவேடு இன்றும் காவல் நிலையங்களில் நடைமுறையில் உள்ளது.

ஆட்டோ சங்கர் வழக்கு

கருத்துச் சுதந்திரத்தையும் அந்தரங்கத்தையும் ஒருசேர எடைபோட்ட முதல் பெரிய தீர்ப்பு தமிழகத்திலிருந்து சென்ற வழக்கில் கிடைத்தது. பல கொலைகளுக்காக மரண தண்டனை பெற்று செங்கல்பட்டுச் சிறையில் இருந்த ஆட்டோ சங்கர், தம் வரலாற்றை ஏறத்தாழ 300 பக்கங்களில் எழுதியிருந்தார். தம்மோடு தொடர்பில் இருந்ததாகச் சில உயர் அதிகாரிகளையும் அதில் குறிப்பிட்டிருந்தார். ‘நக்கீரன்’ இதழ் அதைத் தொடராக வெளியிடப்போவதாக அறிவித்ததும், 1994 ஜூனில் சிறைத்துறைத் தலைவரிடமிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. எழுத்து சங்கருடையதே அல்ல, வெளியிட்டால் சட்ட நடவடிக்கை பாயும் என்றது கடிதம். இதழாசிரியர் ராஜகோபால் (நக்கீரன் கோபால்) உச்ச நீதிமன்றம் சென்றார்.

1994 அக்டோபரில் நீதிபதி பி.பி. ஜீவன் ரெட்டி அளித்த தீர்ப்பு, தன் வாழ்க்கையில் பிறர் தலையிடாமல் தனித்திருக்கும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு என்றது. ஒருவரின் மணவாழ்வு, குடும்பம், குழந்தைப்பேறு போன்றவற்றை அவர் சம்மதமின்றி வெளியிடக் கூடாது. பொது ஆவணங்களில் உள்ளதை வெளியிடத் தடையில்லை. அதிகாரிகள் தங்கள் அலுவல் தொடர்பான செயல்களுக்கு இந்த உரிமையைக் கேடயமாகப் பிடிக்க முடியாது. அவதூறு வரும் என்று அஞ்சி அச்சேறுமுன் தடுக்கவும் அவர்களுக்கு அதிகாரமில்லை. வெளிவந்த பிறகு வழக்குத் தொடரலாம். தொடரை வெளியிட அனுமதி கிடைத்தது. 1995 ஏப்ரலில் சேலம் சிறையில் சங்கர் தூக்கிலிடப்பட்டார்.

ஒட்டுக்கேட்பு

அரசியல்வாதிகளின் தொலைபேசிகள் ஒட்டுக்கேட்கப்பட்டது 1980களில் பெரும் புயலைக் கிளப்பியது. 1988இல் கர்நாடக முதல்வர் ராமகிருஷ்ண ஹெக்டே பதவி விலக அதுவே காரணமாயிற்று. மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில், தொலைபேசிப் பேச்சும் அந்தரங்கத்தில் அடங்கும் என்று 1996 டிசம்பரில் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்பளித்தது. உள்துறைச் செயலாளரின் ஆணை இல்லாமல் ஒட்டுக்கேட்கக் கூடாது. ஆணை 2 மாதம் செல்லும், மொத்தம் 6 மாதத்தைத் தாண்டக் கூடாது. மறுஆய்வுக் குழு அதைப் பார்வையிட வேண்டும் என்ற விதிகள் பிறந்தன. முன்கூட்டி நீதிபதியின் அனுமதி பெற வேண்டும் என்ற கோரிக்கை ஏற்கப்படவில்லை. ஆணை பிறப்பிப்பவரும் அரசு அதிகாரி, மறுஆய்வு செய்பவர்களும் அரசு அதிகாரிகள். இதே ஏற்பாடு பின்னர் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவு வழியாகக் கணினிக்கும் வந்தது. 2018 டிசம்பரில் 10 அமைப்புகளுக்கு இந்த அதிகாரம் பகிர்ந்தளிக்கப்பட்டது.

புட்டசாமி தீர்ப்பு

ஆதார் திட்டத்தை எதிர்த்துக் கர்நாடக உயர் நீதிமன்ற முன்னாள் நீதிபதி கே.எஸ். புட்டசாமி 2012இல், தம் 86ஆம் வயதில், வழக்குத் தொடுத்தார். எம்.பி. சர்மா, கரக் சிங் தீர்ப்புகளைக் காட்டி, அந்தரங்கம் அடிப்படை உரிமையே அல்ல என்று 2015இல் அரசு வாதிட்டது. 8 நீதிபதிகள் அளித்த எம்.பி. சர்மா தீர்ப்பை மறுஆய்வு செய்ய வேண்டியிருந்ததால்தான் 9 நீதிபதிகள் வேண்டியதாயிற்று. அவர்கள் அளித்த 6 தீர்ப்புரைகள் பழைய இரண்டு தீர்ப்புகளின் அந்தப் பகுதிகளை நீக்கின. அந்தரங்கத்தில் அரசு தலையிட வேண்டுமென்றால் அதற்குச் சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், தலையீடு நோக்கத்துக்கு மிஞ்சாத அளவில் இருக்க வேண்டும் என்ற சோதனை நிலைபெற்றது. ஆனால் ஓராண்டு கழித்து, 2018 செப்டம்பரில், ஆதார் 4–1 பெரும்பான்மையில் நிலைத்தது. தனியார் நிறுவனங்கள் அதைக் கேட்க இடமளித்த பகுதி உள்ளிட்ட சில பகுதிகள் நீங்கின.

தற்போதைய நிலை

எரிச்சலூட்டும் இணையப் பதிவுக்கு 3 ஆண்டு வரை சிறை விதித்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு 2015 மார்ச்சில் ரத்தானது. பிறகும் பல ஆண்டுகள் காவல் நிலையங்களில் அப்பிரிவின்கீழ் வழக்குகள் பதிவாகின. 2018 மே மாதம் தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டை அடுத்து தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையம் நிறுத்தப்பட்டது. காலவரையற்ற இணைய முடக்கம் செல்லாது, முடக்க ஆணைகளை வெளியிட வேண்டும் என்று 2020 ஜனவரியில், காஷ்மீர் தொடர்பான வழக்கில், உச்ச நீதிமன்றம் கூறியது. செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டறியச் செய்யும் 2021 விதியை எதிர்த்து வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றம் சென்றது. பெகாசஸ் உளவுச் செயலி பற்றி விசாரிக்க உச்ச நீதிமன்றம் அமைத்த குழு, தான் சோதித்த 29 கைப்பேசிகளில் 5இல் தீங்கு நிரல் இருப்பதாகவும், அது பெகாசஸ்தானா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றும் 2022இல் தெரிவித்தது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது. அரசு அறிவிக்கும் அமைப்புகளுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு, பத்திரிகையாளர்களுக்கு இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவையும் இச்சட்டம் திருத்தி, தனிநபர் விவரம் என்றாலே தர மறுக்கலாம் என்றாக்கியது. இதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்கள் முக்கியக் கடமைகளை நிறைவேற்ற 18 மாத அவகாசம் பெற்றுள்ளன.